ஒரு சதுர மீட்டரில் எத்தனை பேர்?

பெரிய உள்ளரங்குகளில் நடைபெறும் இசை நிகழ்ச்சிகளுக்கு நுழைவுச்சீட்டு வாங்குபவரின் முன்னால் பெரும்பாலும் இரண்டு வழிகள் உள்ளன. மேடைக்கு முன்னுள்ள சமதளத்தில், இடம் ஒதுக்கப்படாமல், தொடக்கம் முதல் முடிவு வரை நின்றபடியே காண்பது ஒன்று. சுற்றிலும் படிப்படியாக உயரும் வரிசைகளில், எண் குறித்த இருக்கையில் அமர்ந்து காண்பது மற்றொன்று. லண்டனின் ஓ2 அரங்கு, நியூயார்க்கின் மேடிசன் ஸ்குவேர் கார்டன் போன்ற, ஏறத்தாழ 20,000 பேர் கொள்ளும் அரங்குகளில் இவ்விரு வகைச் சீட்டுகளும் ஒரே நிகழ்ச்சிக்கு விற்கப்படுவது வழக்கம். விலையும் வயதும் பாடகர் மீதுள்ள பற்றுமே இந்தத் தேர்வைத் தீர்மானிக்கின்றன என்று பொதுவாகக் கருதப்பட்டாலும், கண்ணுக்கு எது தெரியும், காதுக்கு எது எட்டும், உடல் எவ்வளவு தாங்கும் என்னும் கேள்விகளுக்கு அறிவியல் தரும் விடைகள் மீண்டும் மீண்டும் ஓர் அளவிடமே வந்து சேர்கின்றன. அதுவே கூட்ட அடர்த்தி, அதாவது ஒரு சதுர மீட்டர் பரப்பில் நிற்பவர்களின் எண்ணிக்கை.

இருக்கை வரிசையில் ஒருவருக்கு ஏறத்தாழ 50 செ.மீ. அகலமும் 80 செ.மீ. ஆழமும் ஒதுக்கப்படுவதாகக் கொண்டால், அவருக்குக் கிடைப்பது 0.4 சதுர மீட்டர். சதுர மீட்டருக்கு இரண்டரைப் பேர் என்பது அதன் பொருள். 1,500 சதுர மீட்டர் பரப்புள்ள நிற்கும் தளத்தில் 3,000 பேரை அனுமதித்தால் அங்கே அடர்த்தி சதுர மீட்டருக்கு இரண்டு பேர்தான் என்பதால், தாளில் போட்ட கணக்கின்படி நிற்பவர்களுக்கே இடம் தாராளம். ஆனால் நாற்காலிகள் நகர்வதில்லை, மனிதர்கள் நகர்கிறார்கள். அந்த 3,000 பேரும் மேடையை நெருங்கும் ஆவலில் தளத்தின் முன்பக்க மூன்றில் ஒரு பங்குக்குள் திரண்டால் அதே தளத்தின் அடர்த்தி ஆறாக உயர்ந்துவிடும். இருக்கைச் சீட்டு வாங்குபவர் ஒரு நிலையான பரப்பை விலைக்கு வாங்குகிறார். நிற்கும் சீட்டு வாங்குபவருக்கு உள்ளே நுழையும் உரிமை மட்டுமே உறுதி, அவருக்குரிய பரப்பு சுற்றியுள்ளவர்களின் அசைவுக்கேற்ப நிமிடத்துக்கு நிமிடம் மாறிக்கொண்டே இருக்கும்.

பார்வைக்கோட்டின் கணக்கு

இருக்கை வரிசைகள் உயர்ந்துகொண்டே செல்வதற்குப் பின்னால் ஒரு வடிவியல் இருக்கிறது. நீரில் தனி அலையைக் கண்டறிந்தவராக இயற்பியலாளர்கள் இன்றும் நினைவுகூரும் ஸ்காட்லாந்துப் பொறியாளர் ஜான் ஸ்காட் ரஸ்ஸல், 1838இல் வெளியிட்ட ஆய்வுரையில், எல்லா வரிசையினரும் முன்னிருப்பவர்களின் தலைகளுக்கு மேலாகப் பேச்சாளரைத் தடையின்றிக் காணவும் கேட்கவும் வேண்டுமானால், பின்னே செல்லச் செல்ல வரிசைகளின் ஏற்றம் கூடிக்கொண்டே போகும் வளைகோடாக அரங்கின் தளம் அமைய வேண்டும் என்று காட்டினார். அந்தச் சிந்தனையின் தொடர்ச்சியாக இன்றைய அரங்க வடிவமைப்பாளர்கள் பயன்படுத்துவது ‘சி-மதிப்பு’ எனப்படும் அளவு. பின்னாலிருப்பவரின் பார்வைக்கோடு, முன்னாலிருப்பவரின் கண்மட்டத்துக்கு எவ்வளவு மேலாகக் கடந்து செல்கிறது என்பதை அது குறிக்கிறது. அது 12 செ.மீ. இருந்தால் காட்சி நன்றாக இருக்கும், 9 செ.மீ. ஏற்கத்தக்கது, 6 செ.மீ. என்றால் தலைகளுக்கு இடையே கழுத்தைச் சாய்த்துச் சாய்த்துத்தான் பார்க்க முடியும்.

நிற்கும் தளத்தில் இந்த ஏற்றம் சற்றும் இல்லை. அதன் விளைவை ஓர் எளிய கணக்கால் அறியலாம். மேடையின் உயரம் 180 செ.மீ., பாடுபவரின் உயரம் 170 செ.மீ. எனில், அவருடைய உச்சந்தலை தரையிலிருந்து 350 செ.மீ. உயரத்தில் இருக்கும். கண்மட்டம் 150 செ.மீ. ஆக உள்ள ஒருவருக்கு ஒரு மீட்டர் முன்னால் 170 செ.மீ. உயரமுள்ளவர் நின்றால், அந்தத் தலையைத் தாண்டிச் செல்லும் பார்வைக்கோடு ஒவ்வொரு மீட்டருக்கும் 20 செ.மீ. உயர்ந்தாக வேண்டும். பாடுபவர் 5 மீட்டர் தொலைவில் இருந்தால் அவருடைய மேல்பாதி தெரியும். 10 மீட்டரில் அந்தக் கோடு அவருடைய உச்சந்தலையைத் தொட்டுக்கொண்டு செல்வதால் ஏறக்குறைய எதுவும் தெரியாது. அதற்கும் பின்னால் நிற்பவருக்கு மிஞ்சுவது திரையும் தலைகளுக்கு இடையிலான சந்துகளும் மட்டுமே. கண்மட்டம் 170 செ.மீ. ஆக உள்ளவருக்கோ, அதே இடத்தில், அதே விலைக்கு, மேடை முழுவதும் தெரியும். எனவே நிற்கும் சீட்டின் மதிப்பு அதை வாங்குபவரின் உயரத்தைப் பொறுத்து மாறுகிறது. குள்ளமானவர்களும் சிறுவர்களும் சக்கர நாற்காலியில் வருபவர்களும் சமதளத்தில் இழப்பது மிக அதிகம்.

இருக்கையில் பார்வை மறையாது, ஆனால் தொலைவு கூடும். நல்ல பார்வையுள்ள கண்ணால் பிரித்தறியக்கூடிய மிகச் சிறிய கோணம், ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கு. 15 மீட்டர் தொலைவில் இது ஏறத்தாழ 4 மி.மீ. அளவுள்ள நுணுக்கத்தைக் காட்டும் என்பதால் புருவத்தின் அசைவும் உதட்டின் நெளிவும் புலப்படுகின்றன. 60 மீட்டரில் அதே கோணம் 1.7 செ.மீ. ஆகிவிடுவதால், உருவமும் உடலசைவும் தெரிந்தாலும் முகபாவம் கரைந்துவிடுகிறது.

ஒலி சேரும் இடம்

மேடைக்கு மிக அருகில் நிற்பவருக்கே பாட்டு மிக நன்றாகக் கேட்கும் என்னும் எண்ணம் பரவலாக இருந்தாலும், அது பெரும்பாலும் சரியாக இருப்பதில்லை. ஒரு புள்ளியிலிருந்து எழும் ஒலி, தொலைவு இரட்டிக்கும்தோறும் 6 டெசிபல் குறையும்; டெசிபல் என்பது ஒலிச்செறிவை அளக்கும் அலகு. பிரான்ஸின் கிறிஸ்டியன் ஹெய்ல் 1990களின் தொடக்கத்தில் உருவாக்கிய வரிசை ஒலிபெருக்கி அமைப்பில், பல ஸ்பீக்கர்கள் ஒன்றன் கீழ் ஒன்றாகத் தொங்கவிடப்பட்டு ஒரே நீண்ட மூலம்போல் இயங்குவதால், குறிப்பிட்ட தொலைவு வரை இந்த இழப்பு 3 டெசிபல் அளவிலேயே நிற்கிறது. வளைந்து தொங்கும் அந்த அடுக்கின் மேல்பெட்டிகள் தொலைவிலுள்ள இருக்கைகளையும் கீழ்ப்பெட்டிகள் அருகிலுள்ள தளத்தையும் நோக்கியிருக்க, மேடையை ஒட்டி நிற்பவர்கள் பல சமயம் அவற்றின் வீச்சுக்கு உள்ளே வருவதில்லை. அவர்களுக்காக மேடை விளிம்பில் சிறு ஸ்பீக்கர்கள் தனியே வைக்கப்படுகின்றன. அங்கேயே தரையில் அடுக்கப்படும் தாழ்சுர ஸ்பீக்கர்களின் அதிர்வு மற்ற ஒலிகளை அமுக்கிவிடுவதால், முன்வரிசையில் நிற்பவருக்கு முரசு நெஞ்சை உலுக்கினாலும் பாடல் வரிகள் தெளிவாக எட்டாமல் போகலாம்.

ஒலிப்பொறியாளர் தமது கருவிமேசையில் கேட்கும் ஒலியை வைத்தே எல்லாவற்றையும் சீர்செய்கிறார். அந்த மேசை பெரும்பாலும் நிற்கும் தளத்தின் பின்பகுதியில், நடுவாக்கில் இருப்பதால், அதன் சுற்றுப்புறமே பொதுவாக ஒலி செம்மையாகச் சேரும் இடம். மேல்வரிசை இருக்கைகளில், நேரே வரும் ஒலியோடு சுவரிலும் கூரையிலும் பட்டு மீளும் ஒலியும் கூடுதலாகக் கலக்கிறது. டென்மார்க்கின் 20 ராக் இசைக்கூடங்களை அளந்து 2010இல் ஆய்வு முடிவுகளை வெளியிட்ட நீல்ஸ் அடெல்மன்-லார்சன், தாழ்ந்த சுரங்கள் நெடுநேரம் தங்கி ஒலிக்காத கூடங்களையே இசைக்கலைஞர்களும் ஒலிப்பொறியாளர்களும் சிறந்தவையாக மதிப்பிடுவதைக் கண்டார். விளையாட்டுப் போட்டிகளுக்காகக் கட்டப்பட்ட பேரரங்குகள் பலவற்றின் குறை, அத்தகைய சுரங்கள் நெடுநேரம் தங்கி ஒலிப்பதே.

இரு பகுதியினருக்கும் பொதுவான ஆபத்து, செவிக்கு நேரும் சேதம். அமெரிக்கத் தேசியப் பணியிடப் பாதுகாப்பு நலவாழ்வு நிறுவனத்தின் பரிந்துரைப்படி 85 டெசிபல் ஒலியை 8 மணி நேரம் கேட்கலாம் என்றால், ஒவ்வொரு 3 டெசிபல் உயர்வுக்கும் அந்த நேரம் பாதியாகி, 100 டெசிபலில் 15 நிமிடமாகச் சுருங்குகிறது. இசையரங்குகளுக்காக உலகச் சுகாதார நிறுவனம் 2022இல் வகுத்த தரநிலை, 15 நிமிடச் சராசரி 100 டெசிபலைத் தாண்டக்கூடாது என்கிறது. அந்த வரம்புக்குள் நடக்கும் இரண்டு மணி நேர நிகழ்ச்சிகூட, மேற்சொன்ன பணியிட அளவுகோலில் எட்டு நாள் பங்கை ஒரே இரவில் செலவிட்டுவிடும். காதுச் செருகியை எந்தச் சீட்டு வாங்கியவரும் மறக்கலாகாது.

உடல் தருவதும் உடல் இழப்பதும்

காட்சியும் ஒலியும் இவ்வாறிருக்க, பலர் நிற்கும் தளத்தையே நாடுவதற்கு வலுவான காரணம் இருக்கிறது. கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில், நேரடி மின்னணு இசை நிகழ்ச்சி ஒன்றின்போது, காதால் உணர இயலாத அளவு தாழ்ந்த சுரங்களை எழுப்பும் ஸ்பீக்கர்களை ஆய்வாளர்கள் இடையிடையே இயக்கியும் நிறுத்தியும் பார்த்தார்கள். அவை இயங்கிய நேரங்களில் பார்வையாளர்களின் ஆட்டம் 11.8 விழுக்காடு கூடியதாக 2022இல் அறிவித்தார்கள். ஒலி காதுக்கு எட்டாதபோதும் தோலும் உட்செவியின் சமநிலை உறுப்பும் அதை உணர்ந்து உடலை அசைக்கின்றன என்பது அவர்களுடைய விளக்கம். ஆக்ஸ்ஃபோர்டில் நடந்த ஆய்வுகளோ, பலர் ஒரே தாளத்துக்கு ஒத்திசைந்து ஆடும்போது வலியைத் தாங்கும் ஆற்றலும் ஒருவரோடொருவர் கொள்ளும் நெருக்கமும் கூடுவதைக் காட்டுகின்றன. இருக்கையின் கைப்பிடிகளுக்கு இடையே இந்த அனுபவம் முழுமையாக வாய்ப்பதில்லை.

ஆனால் நெடுநேரம் நிற்பதற்கு உடல் விலை கொடுக்கிறது. நிமிர்ந்து நிற்கும்போது அரை லிட்டருக்கும் மேற்பட்ட இரத்தம் உடலின் கீழ்ப்பகுதிக்கு இறங்கிவிட, அதை இதயத்துக்குத் திருப்பி அனுப்பும் வேலையைக் கெண்டைக்கால் தசைகளே செய்கின்றன. நடக்கவும் இடமில்லாத நெரிசலில் அவை சும்மா இருப்பதால் மூளைக்குச் செல்லும் இரத்தம் குறைந்து மயக்கம் வருகிறது. பெர்லினில் நியூ கிட்ஸ் ஆன் தி பிளாக் குழுவின் நிகழ்ச்சியில் ஏறத்தாழ 400 பேர் மயங்கியதை ஆராய்ந்து 1995இல் எழுதிய ஜெர்மன் மருத்துவர்கள், முந்தைய இரவின் தூக்கமின்மை, வெறும் வயிறு, நெடுநேர நிற்றல், கூச்சலிடும்போது மிகையாக வெளியேறும் மூச்சு, கூட்டம் மார்பில் ஏற்படுத்தும் அழுத்தம் ஆகியவை ஒன்று சேர்ந்ததே காரணம் என்று கண்டார்கள். முதல் வரிசையைப் பிடிக்க விடியற்காலையிலிருந்தே வாசலில் காத்திருப்பவர்கள் இந்தக் காரணங்கள் அனைத்தையும் தாமே சேர்த்துக்கொண்டு உள்ளே நுழைகிறார்கள்.

கூட்டம் திரவமாகும் எல்லை

சதுர மீட்டருக்கு இரண்டு மூன்று பேர் இருக்கும்வரை ஒவ்வொருவரும் தம் விருப்பப்படி நகரலாம். நான்கு ஐந்தானால் தோள்கள் உரசத் தொடங்குகின்றன. ஏறத்தாழ ஏழு பேர் என்னும் நிலையில் கூட்டம் திரவம்போல் இயங்கத் தொடங்கி, அதற்குள் பரவும் அதிர்வலைகள் ஆட்களைத் தரையிலிருந்து தூக்கிப் பல அடி தள்ளிப்போடும் என்று கூட்டப் பாதுகாப்பின் முன்னோடியான அமெரிக்கப் பொறியாளர் ஜான் ஃப்ரூயின் எழுதினார். நெரிசல் சாவுகளில் பெரும்பாலானவை மிதிபடுவதால் நேர்வதில்லை, மார்பு விரிய இடமின்றி மூச்சு நின்றுபோவதால் நேர்கின்றன என்பதையும், பலர் நின்ற நிலையிலேயே இறக்கிறார்கள் என்பதையும் அவரே வலியுறுத்தினார்.

ஸ்பெயினின் பம்ப்லோனா நகரில் சான் ஃபெர்மின் திருவிழாவின் தொடக்கத்துக்காகச் சதுக்கத்தில் திரளும் ஆயிரக்கணக்கானோரை மேலிருந்து படம்பிடித்து ஆராய்ந்த பிரெஞ்சு இயற்பியலாளர் தெனி பார்த்தொலோவின் குழு, அடர்த்தி ஓர் எல்லையைத் தாண்டியதும் நூற்றுக்கணக்கானோர் ஒரே திரளாக ஏறத்தாழ 18 நொடிக்கு ஒருமுறை வட்டமாக ஊசலாடுவதை 2025இல் ‘நேச்சர்’ இதழில் விளக்கியது. யாரும் வேண்டுமென்று தள்ளாதபோதே, டன் கணக்கான எடை இவ்வாறு தானாக அசையத் தொடங்குகிறது. நெரிசல் சாவுகளுக்கு ரசிகர்களின் முரட்டுத்தனத்தையே குறைகூறும் பழக்கம் எவ்வளவு தவறானது என்பதற்கு இதைவிட வலுவான சான்று தேவையில்லை.

சின்சினாட்டி கற்றது

அமெரிக்காவின் சின்சினாட்டி நகரிலுள்ள ரிவர்ஃபிரன்ட் கொலிசியத்தில் 1979 டிசம்பர் 3ஆம் நாள் தி ஹூ குழுவின் நிகழ்ச்சிக்கு விற்ற சீட்டுகளில் பெரும்பாலானவை இடம் ஒதுக்கப்படாதவை. முந்தியவருக்கே முன்னிடம் என்பதால் பனிக்குளிரில் வாசலிலேயே ஆயிரக்கணக்கானோர் திரண்டார்கள். உள்ளிருந்து வந்த இசையொலியால் நிகழ்ச்சி தொடங்கிவிட்டதென்று எண்ணி, திறந்திருந்த சில கதவுகளை நோக்கி நெருக்க, 11 பேர் மூச்சுத்திணறி இறந்தார்கள். ஒருவரும் அரங்கின் தளத்தில் இறக்கவில்லை என்பது கவனிக்கத்தக்கது. இடம் உறுதியில்லாத சீட்டு உருவாக்கிய போட்டியே வாசலில் அவர்களின் உயிரைக் குடித்தது. அம்மாதம் முடிவதற்குள் நகராட்சி, ஒதுக்கப்படாத இடங்களுக்குத் தடை விதித்தது.

ஏறத்தாழ 25 ஆண்டுகளுக்குப் பின், 2004இல், அந்தத் தடை விலக்கப்பட்டபோது அதனிடத்தில் வேறொரு விதி வந்தது: ஒருவருக்கு 9 சதுர அடி, அதாவது ஏறத்தாழ 0.84 சதுர மீட்டர் பரப்பு இருக்க வேண்டும், அதற்கேற்பவே சீட்டுகள் விற்கப்பட வேண்டும். நிற்பதைத் தடுப்பதிலிருந்து அடர்த்தியைக் கட்டுப்படுத்துவதற்கு அந்நகரம் நகர்ந்தது. இடைப்பட்ட காலத்திலும் பின்னரும், 2000இல் டென்மார்க்கின் ரோஸ்கில்ட் விழாவில் 9 பேரும், 2021இல் ஹூஸ்டனின் ஆஸ்ட்ரோவேர்ல்ட் விழாவில் 10 பேரும் மேடைக்கு முன்னாலேயே நெரிந்து இறந்ததைப் பார்க்கும்போது, மொத்தத் தலைக்கணக்கை மட்டும் நம்புவது போதாது என்பதும், தளத்தைத் தடுப்புகளால் பகுத்து, ஒவ்வொரு பகுதியிலும் எத்தனை பேர் என்று எண்ணி, வெளியேற வழிவிட்டு, தேவையானால் பாட்டை உடனே நிறுத்தும் அதிகாரத்தைப் பாதுகாப்பு அலுவலரிடம் தர வேண்டும் என்பதும் தெளிவாகின்றன.

தேர்வு

முழு மேடையையும் காண விரும்புபவர், உயரம் குறைந்தவர், மயக்க இயல்போ முதுகுவலியோ உள்ளவர், கருவுற்றவர், குழந்தைகளோடு வருபவர் ஆகியோருக்கு, மேடையின் பக்கவாட்டில் தாழ்வாக அமைந்த இருக்கைகள் தொலைவையும் பார்வையையும் ஓரளவு சமன்செய்யும். ஆட விரும்புபவருக்கு நிற்கும் தளமே உகந்தது. முன்தடுப்பை நோக்கி முண்டுவதைவிட, ஒலிப்பொறியாளரின் கருவிமேசையை அடுத்த பின்பகுதியில் நின்றால் ஒலியும் செம்மையாக இருக்கும், கைகால் வீசவும் இடமிருக்கும், வெளிவாசலும் அருகிலிருக்கும். இரு தோள்களிலும் ஒரே நேரத்தில் பிறர் உடல் அழுத்துவதையும், தம் கால்கள் தம் விருப்பத்துக்கு நகராததையும் உணர்ந்தால், கைகளை மார்புக்கு முன்னே மடக்கி மூச்சுக்கு இடம் காத்துக்கொண்டு, ஒவ்வொரு அலை தணியும்போதும் குறுக்காகப் பின்வாங்குவதே உயிர்காக்கும் வழி.

எந்தச் சீட்டை வாங்குவது என்பது பார்வையாளரின் விருப்பம். அந்த விருப்பம் பாதுகாப்பானதாக இருப்பது அமைப்பாளரின் கடமை. உள்ளே நிற்பவரால் பத்தடிக்கு அப்பால் அடர்த்தி என்னவென்று அறிய முடியாது. மேலிருந்து பார்ப்பவரால் மட்டுமே எண்ணவும் நிறுத்தவும் முடியும். ஆகவே நிற்கும் சீட்டை விற்கும் ஒவ்வோர் அரங்கும், ஒருவருக்கு எவ்வளவு பரப்பு என்பதை, இருக்கை எண்ணை அச்சிடுவதுபோலவே, அந்தச் சீட்டில் அச்சிட்டு அதற்குப் பொறுப்பேற்க வேண்டும்.