பாவும் ஊடையும் இல்லாத பை

2018 ஜூன் 5, உலகச் சுற்றுச்சூழல் நாள். அன்றுதான் அப்போதைய முதல்வர் எடப்பாடி பழனிசாமி சட்டமன்றத்தில் பிளாஸ்டிக் தடையை அறிவித்தார். அதே மாதம் 25-ஆம் தேதி அரசாணை வெளியானது. 2019 ஜனவரி 1 முதல் தடை நடைமுறைக்கு வந்தது. ஆண்டுகள் பல ஓடிவிட்டன. ஆனாலும் காஞ்சிபுரத்தில் பூக்கடைச் சத்திரத்தில் முழம் பூ வாங்கினாலும், ராஜாஜி மார்க்கெட்டில் கால் கிலோ பச்சை மிளகாய் வாங்கினாலும் ஏதாவது ஒரு கவர் கைக்கு வந்துவிடுகிறது. சட்டம் எதைத் தடுத்திருக்கிறது, எதை விட்டிருக்கிறது என்பது தெரிந்தால்தான் கடைக்காரரிடம் வேண்டாம் என்று உறுதியாகச் சொல்ல முடியும்.

தமிழக அரசின் பட்டியலில் 14 வகைப் பொருட்கள் இருக்கின்றன. கேரி பேக், உணவு கட்டும் பிளாஸ்டிக் தாள், சாப்பாட்டு மேசையில் விரிக்கும் தாள், தெர்மாகோல் தட்டும் குவளையும், பிளாஸ்டிக் டம்ளர், உறிஞ்சுகுழல், தண்ணீர் பாக்கெட், பிளாஸ்டிக் கொடி, பிளாஸ்டிக் பூசிய காகிதத் தட்டு, காகிதக் கப், இவையெல்லாம் அதில் வரும். பால், எண்ணெய், மருந்து ஆகியவற்றின் உறைகளுக்கு விலக்கு உண்டு. கேரி பேக்கைப் பொறுத்தவரை அது எவ்வளவு தடிமன் என்ற கேள்வியே தமிழ்நாட்டில் எழுவதில்லை. மெல்லியதோ தடித்ததோ, எல்லாப் பைக்கும் தடைதான்.

குழப்பம் வருவது மத்திய அரசின் விதியால். அந்த விதி மைக்ரான் கணக்கில் பேசுகிறது. 2021 செப்டம்பர் 30 முதல் 75 மைக்ரானுக்குக் குறைந்த கேரி பேக் கூடாது என்றது, 2022 டிசம்பர் 31 முதல் அதை 120 மைக்ரான் ஆக்கியது. நடுவே, 2022 ஜூலை 1 முதல், பிளாஸ்டிக் கரண்டி, தட்டு, உறிஞ்சுகுழல், ஐஸ்கிரீம் குச்சி போன்றவை நாடு முழுவதும் தடை செய்யப்பட்டன. மெல்லிய பையை முதலில் குறிவைத்ததற்குக் காரணம் இருக்கிறது. அதைப் பொறுக்கி எடுத்தாலும் கிலோ கணக்குக்குத் தேறாது. எனவே பழைய பொருள் பொறுக்கிப் பிழைப்பவர்கள் அதைத் தொடமாட்டார்கள், அது கிடந்த இடத்திலேயே கிடக்கும். தடித்த பைக்கு ஓரளவு விலை கிடைக்கும் என்பதால் அது திரும்பி வர வாய்ப்பு உண்டு. ஆகவே “இது 120 மைக்ரான், அனுமதி உண்டு” என்று கடையில் யாராவது சொன்னால், அது மற்ற மாநிலங்களுக்குப் பொருந்தலாம், இங்கே பொருந்தாது என்று சொல்லிவிடுங்கள்.

தமிழக அரசின் பட்டியலில் நம் ஊர்க்காரர்கள் அதிகம் ஏமாறும் பொருள் ஒன்று உண்டு. துணிப்பை போலவே இருக்கும் நான்-ஓவன் பை. துணிக்கடை, நகைக்கடை, இனிப்புக்கடை, கல்யாணத் தாம்பூலம் என எங்கும் இதுதான். பளிச்சென்ற நிறத்தில் கடையின் பெயர் அச்சிட்டு, கைப்பிடி வைத்து வரும். வாங்குகிறவர் துணிப்பை என்று நினைக்கிறார், கொடுக்கிறவரில் பலரும் அப்படியே நினைக்கிறார்கள். உண்மையில் அது பாலிபுரோப்பிலீன் என்ற பிளாஸ்டிக். உருக்கி இழையாக்கி, இழைகளைப் பரப்பி, சூட்டில் அழுத்தி ஒட்டிய தாள். தமிழக அரசாணையில் இதுவும் தடைப் பட்டியலில் பெயர் சொல்லியே சேர்க்கப்பட்டிருக்கிறது.

வேறு ஊர்க்காரர்களுக்கு இதைக் கண்டுபிடிப்பது கடினமாக இருக்கலாம். தறிச் சத்தத்தில் வளர்ந்த காஞ்சிபுரத்துக்காரர்களுக்கு ஒரு நொடி போதும். பையை வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். துணி என்றால் நெடுக்கே பாவும் குறுக்கே ஊடையும் ஓடுவது தெரியும், ஓரத்தைப் பிரித்தால் நூல் வரும். நான்-ஓவன் பையில் பாவும் இல்லை, ஊடையும் இல்லை. சின்னச் சின்னப் புள்ளிகளாக அழுத்திய தடம்தான் இருக்கும். இழுத்தால் காகிதம்போலக் கிழியும். சில மாதம் வெயில் பட்டால் உதிர்ந்து தூளாகும். அந்தத் தூள் மண்ணாகிவிடும் என்று நினைக்காதீர்கள். கண்ணுக்குத் தெரியாத அளவுக்குச் சிறுத்த பிளாஸ்டிக்காகவே அது மண்ணில் கிடக்கும்.

காஞ்சிபுரம் பட்டுக்கு 2005-லேயே புவிசார் குறியீடு வாங்கிவிட்டோம். கோர்வை போட்டுக் கரையும் உடலும் இணைத்து நெய்த சேலையை, நெசவே இல்லாத பையில் போட்டுக் கொடுப்பது எனக்கு வேதனையாக இருக்கிறது. ஒரு சேலைக்கு ஆயிரக்கணக்கில் விலை வைக்கும் கடைக்குப் பருத்திப் பையின் விலை ஒரு பாரமே ஆகாது.

இதே ஊரின் தறிக்கூடங்களைப் பாருங்கள், வீணடிக்காமல் இருப்பது அங்கே தொழிலோடு பிறந்தது. பாவு தீர்ந்ததும் தறியில் நிற்கும் பழைய இழைகளை அறுத்து எறிவதில்லை. புதுப் பாவின் இழைகளை ஒவ்வொன்றாக அவற்றோடு பிணைத்துத்தான் அடுத்த சேலை தொடங்கும். சரிகையில் வெள்ளி இருப்பதால், கிழிந்துபோன பட்டுச் சேலையைக்கூட விலை கொடுத்து வாங்கிப் போக ஆள் வருவார்கள். பொருளுக்கு மதிப்பு இருக்கும்வரை யாரும் அதைத் தெருவில் எறிவதில்லை. கேரி பேக் மலிவானது. வாங்குகிறவருக்கு இலவசம். அதன் கேடு முழுவதும் அந்த மலிவிலிருந்தே வருகிறது.

சேலையைப் பற்றி இன்னொன்று சொல்ல வேண்டும். கடையில் தந்த பிளாஸ்டிக் உறையிலேயே பட்டை வைத்து மூடாதீர்கள். உள்ளே ஈரம் தங்கும், சரிகை கறுக்கும். பழைய பருத்தி வேட்டித் துணியில் சுற்றி வைத்து, அவ்வப்போது எடுத்து மடிப்பை மாற்றுங்கள். நம் பாட்டிமார்கள் செய்ததும் அதுதான்.

எறிந்த பை எங்கே போகிறது என்று பார்க்க வெகு தூரம் போக வேண்டாம், மஞ்சள்நீர்க் கால்வாய்க் கரையில் நின்றால் போதும். ஊருக்குள் விழும் மழைநீரை நத்தப்பேட்டை ஏரிக்குக் கொண்டு சேர்க்க வெட்டிய கால்வாய் அது. நீரைத் தேக்கியும் வடித்தும் வாழத் தெரிந்த ஏரி மாவட்டத்தின் வேலைப்பாடு. இன்று அதில் சாக்கடையும் கவருமாக ஓடுகிறது. பாலித்தீன் பை மற்றக் குப்பையைவிட அதிகக் கேடு செய்வது அதன் வடிவத்தால். கனமில்லாததால் காற்று அடித்துக்கொண்டு வந்து கால்வாயில் சேர்க்கிறது. தண்ணீர் புகாத தாள் என்பதால் பாலத்தின் கண்ணில் விரிந்து அடைத்துக்கொள்கிறது. அதன் மேல் சேறும் இலையும் படிந்து ஓர் அணையே உருவாகிறது. ஒரு மணி நேரம் கனமழை பெய்தால் தண்ணீர் போக வழியின்றித் தெருவில் ஏறுகிறது. தூர்வார இயந்திரம் கொண்டுவருகிறார்கள், அடுத்த மழைக்குள் மீண்டும் அடைத்துக்கொள்கிறது.

வங்கதேசம் இதைப் பெரும் விலை கொடுத்துக் கற்றது. 1988-லும் 1998-லும் வந்த வெள்ளங்களில் டாக்கா நகரின் வடிகால்களை மெல்லிய பைகள் அடைத்து நின்றன. 2002-ல் அந்த நாடு அவற்றைத் தடை செய்தது. உலகில் முதன்முதலாக அப்படிச் செய்த நாடு அதுதான். ஆனால் கண்காணிப்பு தளர்ந்ததும் பைகள் சந்தைக்குத் திரும்பிவிட்டன. அரசாணை மட்டும் போதாது என்பதற்கு அதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை. நம் மாநிலத்திலேயே மாற்றுச் சான்றும் இருக்கிறது. நீலகிரியில் 2000-ஆம் ஆண்டை ஒட்டி, ஆட்சியராக இருந்த சுப்ரியா சாகு பிளாஸ்டிக் பைக்கு எதிராகத் தொடங்கிய வேலை இன்றும் தொடர்கிறது. மலையேறும் வண்டியைச் சோதனைச் சாவடியில் நிறுத்திப் பார்க்கிறார்கள். விடாமல் செய்ததால்தான் அங்கே பழக்கம் மாறியது.

காஞ்சிபுரத்துக்குத் தடையின் முதல் சோதனை அது வந்த ஆறே மாதத்தில் நேர்ந்தது. 2019 ஜூலை 1 முதல் ஆகஸ்ட் 17 வரை அத்திவரதர் வைபவம். 40 ஆண்டுகளுக்கு ஒருமுறை அனந்தசரஸ் குளத்திலிருந்து எழுந்தருளும் பெருமாளைப் பார்க்க ஏறக்குறைய ஒரு கோடிப் பேர் வந்தார்கள். தண்ணீர் பாக்கெட்டுக்குத் தடை இருந்தது. தண்ணீர் பாட்டிலுக்கு இல்லை, இன்றும் இல்லை. கோடை, கார்த்திகை, பிரம்மோற்சவம் என்று ஆண்டு முழுதும் வெளியூர்க் கூட்டம் வரும் ஊர் இது. காமாட்சியம்மன், ஏகாம்பரநாதர், வரதர் கோயில் வாசல்களில் சுத்தமான குடிநீர்க் குழாய் எந்நேரமும் வேலை செய்தால் பாட்டில் குப்பையில் பெரும்பகுதி உருவாகவே உருவாகாது. தடையால் முடியாததை ஒரு நல்ல குழாய் செய்யும்.

உணவுக்கு வருவோம். வரதராஜப் பெருமாள் கோயில் இட்லி உலகத்துக்கே தெரியும். மூங்கில் குடலையில் மந்தாரை இலையை வைத்து, மிளகும் சீரகமும் சுக்கும் நெய்யும் சேர்த்த மாவை ஊற்றி, ஆவியில் வேக வைக்கிறார்கள். அந்த இலை தாங்காத சூடு இல்லை, சாப்பிட்டு எறிந்தால் மாடு தின்னும், மக்கும். அதே மந்தாரை இலையைத் தைத்த தையல் இலையில்தான் நம் ஊர் ஓட்டல்களில் டிபன் கட்டிக் கொடுத்தார்கள். அந்த இலை இன்றும் கிடைக்கிறது. கேட்டு வாங்குகிறவர்கள்தான் குறைந்துபோனார்கள். கொதிக்கும் சாம்பாரைப் பிளாஸ்டிக் கவரில் ஊற்றி முடிச்சுப் போட்டுத் தருவதை மட்டும் தயவுசெய்து ஏற்காதீர்கள். ஒரு தூக்குப் பாத்திரத்தை வண்டியில் வைத்திருங்கள்.

டீக்கடையின் காகிதக் கப்பும் காகிதம் என்ற பெயரில் தப்பிக்கிறது. திரவம் ஊறாமல் இருக்க அதன் உட்புறத்தில் மெல்லிய பிளாஸ்டிக் பூச்சு இருக்கும். கரக்பூர் ஐஐடி ஆய்வாளர்கள் 2020-ல் சோதித்துப் பார்த்தார்கள். 100 மில்லி சூடான திரவம் 15 நிமிடம் அதில் இருந்தால் சுமார் 25,000 நுண் பிளாஸ்டிக் துகள்கள் கலக்கின்றன என்று கண்டார்கள். கண்ணாடி டம்ளரில் தரச் சொல்லுங்கள். கழுவுவது சுத்தமாக இருக்கிறதா என்று கேட்கும் உரிமையும் நமக்கு உண்டு.

இனி துணிப்பை. 2021 டிசம்பர் 23 அன்று முதல்வர் மு.க.ஸ்டாலின் “மீண்டும் மஞ்சப்பை” இயக்கத்தைத் தொடங்கினார். 10 ரூபாய் போட்டால் பை தரும் இயந்திரங்களும் வந்தன. நல்ல முயற்சி. ஆனால் ஒரு கணக்கை மறைக்கக் கூடாது. பருத்தி விளையத் தண்ணீரும் உரமும் வேண்டும், நூற்க, நெய்ய, சாயமேற்ற எரிபொருள் வேண்டும். பிரிட்டனின் சுற்றுச்சூழல் முகமை 2011-ல் வெளியிட்ட ஆய்வின்படி, ஒரே தடவை பயன்படும் சாதாரணப் பிளாஸ்டிக் பையோடு வெப்பமயமாதல் கணக்கில் சமன் ஆக வேண்டுமானால், ஒரு புதிய பருத்திப் பையை 131 தடவை பயன்படுத்த வேண்டும். பிளாஸ்டிக் பை கால்வாயை அடைப்பதும் மாட்டின் வயிற்றுக்குள் போவதும் இந்தக் கணக்கில் வராது என்பது உண்மை. இருந்தாலும் பாடம் தெளிவு. விழாவுக்கு விழா புதுத் துணிப்பை வாங்கி அலமாரியில் அடுக்குவதில் பயனில்லை. வீட்டில் இருக்கும் மஞ்சப்பையை, ஒயர் கூடையை, பழைய வேட்டியில் தைத்த பையை நைந்து போகும்வரை எடுத்துப் போவதுதான் பயன். வண்டி இருக்கைக்கு அடியில் ஒன்று, கைப்பையில் மடித்து ஒன்று இருந்தால், மறந்துவிட்டேன் என்று சொல்ல வேண்டியிருக்காது.

“மக்கும் பை” என்று அச்சிட்டு விற்பவையிலும் கவனம் வேண்டும். உரிய சான்று பெற்றவை மக்குவது உண்மைதான், ஆனால் அதற்கு உரக்கிடங்கின் சூடும் ஈரமும் வேண்டும். கால்வாயில் விழுந்தால் அதுவும் அடைக்கத்தான் செய்யும்.

வீட்டுக் குப்பையில் பாதியளவு காய்கறித் தோல், மிஞ்சிய சோறு, வாடிய பூ போன்ற ஈரக் குப்பை. 2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகளே மக்குவதையும் மக்காததையும் வீட்டிலேயே பிரிக்கச் சொல்லியிருந்தன. இரண்டையும் ஒரே கவரில் முடிச்சுப் போட்டால் இரண்டும் கெடும். மக்க வேண்டியது மக்காது, மறுசுழற்சிக்குப் போக வேண்டிய பிளாஸ்டிக் சோற்றில் ஊறி யாருக்கும் உதவாமல் போகும். நாம் பிரிக்காததைத் தூய்மைப் பணியாளர்தான் வெறுங்கையால் பிரிக்க வேண்டியிருக்கிறது. அதை நினைத்தாவது இரண்டு கூடை வையுங்கள். மூலையில் சருகோடு சேர்த்துக் கவரைக் கொளுத்துவதையும் நிறுத்துங்கள். அந்தப் புகையை முதலில் சுவாசிப்பது உங்கள் வீட்டுக் குழந்தை.

அபராதம் 2019 ஜூனில் வகுக்கப்பட்டது. மொத்தமாக இருப்பு வைத்து விநியோகிப்பவருக்கு முதல் முறை 25,000 ரூபாய், பிறகு 50,000, அதற்கும் பிறகு ஒரு லட்சம். பெரிய துணிக்கடைக்கு 10,000-ல் தொடங்கும். தெருவோரச் சிறு வியாபாரிக்கு 100 ரூபாய். இந்த வரிசை நியாயமானது, நடைமுறையிலும் இதே வரிசையில்தான் பிடிக்க வேண்டும். கீரை விற்கும் அம்மாவின் கவர்க் கட்டைப் பறிப்பதால் பெரிதாக எதுவும் மாறாது. அந்தக் கட்டு எந்தக் கிடங்கிலிருந்து வந்தது என்று தேடிப்போனால் மாறும்.

காந்தி ரோட்டுப் பட்டுக்கடை உரிமையாளர்களுக்கும் கூட்டுறவுச் சங்கங்களுக்கும் ஒரு வேண்டுகோள். வரும் முகூர்த்த காலத்திலிருந்து நான்-ஓவன் பையை அடியோடு விடுங்கள். நெய்த பருத்திப் பையைக் கொடுங்கள், அதையும் கேட்பவருக்கு மட்டும் கொடுங்கள். வாங்கப் போகிறவர்களே, சேலைக்குப் பை வேண்டாம் என்று சொல்லி, வீட்டிலிருந்து கொண்டுபோன பையை நீட்டுங்கள்.