மீண்டவர்கள் – 9: டாக்டர் வீட்டுக்குப் போன பிறகு

1980-களின் தொடக்கத்தில் பம்பாயில் புழங்க ஆரம்பித்த பிரவுன் சுகர் என்கிற மட்டரக ஹெராயின் தூள், சில வருடங்களுக்குள் புனேயின் பேட்டைகளுக்கும் கல்லூரி விடுதிகளுக்கும் வந்துவிட்டது. மராத்தியில் அதை ‘கர்த்’ என்றார்கள். வெள்ளித்தாளில் தூளைக் கொட்டி, அடியில் தீக்குச்சியைக் காட்டி, எழும் புகையைக் குழல் வைத்து இழுப்பது வழக்கம். ஆரம்பத்தில் சொர்க்கம். சில வாரங்களில் அந்தச் சொர்க்கம் காணாமல் போய்விடும். உடம்பு முறுக்கி எடுக்காமல், வயிறு பிடுங்காமல் ஒரு பொழுதைத் தள்ளுவதற்கே தூள் தேவைப்படும். அதற்காக அம்மாவின் வளையல் போகும், அப்பாவின் கைக்கடிகாரம் போகும், கடைசியில் வீட்டுப் பாத்திரமும் போகும்.

கர்த்தில் சிக்கிய பையன்களைத் தேடிப் போய், உட்கார்ந்து, பேசவிட்டுக் கேட்டவர் அனில் அவசட். புனே பி.ஜே. மருத்துவக் கல்லூரியில் டாக்டர் பட்டம் வாங்கிவிட்டு, எழுத்துக்கு வந்துவிட்டவர். பீகார் பஞ்சத்தைப் பற்றி ‘பூர்ணியா’ எழுதியதிலிருந்தே, யாரும் எட்டிப் பார்க்காத மனிதர்களைப் பற்றி எழுதுவதுதான் அவர் வழி. கர்த் பற்றி அவர் எழுதிய கட்டுரைகளை மராத்தியர் கொண்டாடிய எழுத்தாளர் பு.ல. தேஷ்பாண்டேயும் அவர் மனைவி சுனிதாபாயும் படித்தார்கள். படித்துக் கலங்கியதோடு நிற்கவில்லை, ஒரு லட்ச ரூபாய் கொடுத்தார்கள். 1986 ஆகஸ்ட் 29-ஆம் தேதி, எரவாடா அரசு மனநல மருத்துவமனை வளாகத்தின் ஒரு பகுதியில் முக்தாங்கண் மறுவாழ்வு மையம் தொடங்கியது.

அதை நடத்தும் பொறுப்பு அவசட்டின் மனைவி டாக்டர் அனிதா (சுனந்தா) அவசட்டின் தோளில் விழுந்தது. அதே மருத்துவமனையில் மனநல மருத்துவர் அவர். போதைக்காரன் என்றால் திருடன், புளுகன், திருந்தாத ஜென்மம் என்று வீடும் ஊரும் காவல் நிலையமும் ஒரே குரலில் சொல்லிக்கொண்டிருந்த காலம் அது. அவர்களை நோயாளிகளாகவும், அதற்கும் மேலாக மனிதர்களாகவும் நடத்துவது என்பதுதான் அங்கே முதல் விதி.

மருத்துவம் இதில் எங்கே வருகிறது என்பதைக் குடியை வைத்துத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். நாள்தோறும் கடுமையாகக் குடிப்பவர் திடீரென்று நிறுத்தினால் கை நடுங்கும், வியர்த்துக் கொட்டும், வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் சிலருக்குச் சித்தம் கலங்கும்; சுவரில் பூச்சி ஊர்வதாகத் தெரியும், இல்லாத ஆள் கூப்பிடுவது காதில் கேட்கும். சிகிச்சை இல்லாவிட்டால் உயிரே போகலாம். அந்த நாட்களில் தேவை டாக்டர், மருந்து, வைட்டமின் பி1 ஊசி. “மனசு வெச்சா போதும் தம்பி, மருந்தெல்லாம் வேண்டாம்” என்று சொல்கிற எந்த வழிகாட்டியையும் நம்பக் கூடாது.

ஆனால் ஒரு வாரம், பத்து நாளில் நடுக்கம் நின்றுவிடும், பசி எடுக்கும், முகம் தெளியும். டாக்டர் சாயங்காலம் வீட்டுக்குப் போய்விடுவார். ராத்திரி பதினோரு மணிக்குத் தூக்கம் வராமல் புரளும்போது பழைய நினைப்பு வந்து பக்கத்தில் உட்காரும். “உடம்புதான் சரியாயிடுச்சே, ஒரே ஒரு தடவை” என்று உள்ளிருந்து ஒரு குரல் பேரம் பேசும். அந்த நேரத்துக்கு யார் இருக்கிறார்கள்?

முக்தாங்கண் கண்ட பதில், போதையிலிருந்து மீண்டவர்களையே ஊழியர்களாகவும் ஆலோசகர்களாகவும் வைத்துக்கொள்வது. அங்கே உள்நோயாளிச் சிகிச்சை 35 நாட்கள். அந்த நாட்களில் புதிதாக வந்தவரோடு பழகுகிறவர்களில் பலர், ஒரு காலத்தில் அதே மாதிரிக் கட்டிலில் படுத்துப் புரண்டவர்கள். “பீர்தானே சார்”, “வேலை கிடைச்சதும் விட்டுடறேன்”, “கல்யாண வீட்டுல ஒரு நாள்தான்” என்று புதியவர் ஆரம்பிக்கும்போது, டாக்டருக்கு அது நோயின் அறிகுறி. மீண்டவருக்கோ அது தான் பேசிய வசனம். அடுத்த வரி என்ன வரும் என்பதும் அவருக்குத் தெரியும். அதனால் அவரிடம் பொய் விலை போகாது. அதே காரணத்தால் அவரிடம் வெட்கப்படவும் தேவையில்லை. வீட்டாரிடம் பொய் சொல்லிச் சொல்லிப் பழகியவருக்கு, வெட்கமில்லாமல் உண்மை பேச ஓர் இடம் கிடைப்பது சாதாரண விஷயம் இல்லை.

இந்த யோசனைக்கு உலகத்தில் ஒரு முன்கதை உண்டு. 1935 மே மாதம், அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்தில் ஆக்ரன் என்கிற ஊர். நியூயார்க்கிலிருந்து வியாபார வேலையாக வந்த பில் வில்சனின் திட்டம் படுத்துவிட்டது. குடியை நிறுத்தி ஐந்து மாதம்தான் ஆகியிருந்தது. மேஃப்ளவர் ஹோட்டல் முன்கூடத்தில் ஒரு பக்கம் பாரின் கலகலப்பு, இன்னொரு பக்கம் தொலைபேசி. அவர் தொலைபேசிப் பக்கம் போனார். ஊரில் உள்ள பாதிரியார்களைக் கூப்பிட்டு, குடியோடு மல்லுக்கட்டும் ஒருவரையாவது தான் பார்க்க வேண்டும் என்றார். அப்படிக் கிடைத்தவர் டாக்டர் பாப் ஸ்மித், ஓர் அறுவைச் சிகிச்சை மருத்துவர். பதினைந்தே நிமிடம் என்ற நிபந்தனையோடு வந்தவர் மணிக்கணக்கில் பேசினார். இடையில் ஒருமுறை சறுக்கிய பாப், ஜூன் 10-ஆம் தேதிக்குப் பிறகு 1950-இல் இறக்கும்வரை குடிக்கவில்லை. அந்தத் தேதியைத்தான், குடியிலிருந்து மீள நினைப்பவர்கள் ஒருவருக்கொருவர் துணை நிற்கும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் அமைப்பு தன் பிறந்த நாளாகக் கொண்டாடுகிறது.

பில் அன்று பாப்பைத் திருத்தப் போகவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். தான் பாருக்குள் நுழைந்துவிடாமல் இருப்பதற்காகத்தான் இன்னொரு குடிநோயாளியைத் தேடினார்.

பில்லுக்கும் ஒரு வழிகாட்டி இருந்தார். எபி தாட்சர், பழைய குடித்தோழர். 1934 நவம்பரில் பில் வீட்டுச் சமையலறை மேசையில் உட்கார்ந்து, “நான் விட்டுவிட்டேன்” என்று சொன்னவர். அந்தச் சந்திப்புதான் பில்லைத் திருப்பியது. ஆனால் எபியோ பின்னால் பலமுறை மறுபடி குடியில் விழுந்தார். அப்போதும் பில் அவரைக் கடைசிவரை ‘என் ஸ்பான்சர்’, அதாவது குடியை விட வழிகாட்டியவர், என்றே அழைத்தார். பண உதவியும் செய்தார். கைகொடுத்தவர் தடுக்கி விழுந்தார், கைபற்றியவர் நின்றார். வழிகாட்டி என்றால் அப்பழுக்கற்ற மகான் என்று நினைக்கும் நமக்கு இது புரியச் சற்று நேரம் பிடிக்கும். வழிகாட்டியின் வலிமை அவர் எட்டிய உயரத்தில் இல்லை. தன் கதையை மறைக்காமல் சொல்லும் துணிவில் இருக்கிறது.

இப்படி வழிகாட்டுவதன் பயனை ஆராய்ச்சியாளர்கள் அளந்தும் பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் போதை ஊசி போட்டுக்கொண்ட, அல்லது அதை நிறுத்தியிருந்த 500 பேரை ஓர் ஆண்டு பின்தொடர்ந்த ஆய்வு 2002-இல் வெளியானது. ஸ்பான்சர் ஒருவரை வைத்திருந்தவர்களுக்கும் வைத்திருக்காதவர்களுக்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. ஆனால் பிறருக்கு ஸ்பான்சராக இருந்தவர்கள் போதையின்றி நீடித்திருந்தது மிகத் தெளிவாகத் தெரிந்தது. அமெரிக்காவின் ‘புராஜெக்ட் மேட்ச்’ என்ற குடிநோய்ச் சிகிச்சை ஆய்வின் தரவுகளை வைத்து 2004-இல் வந்த ஆய்வும் இதே திசையைக் காட்டியது: சிகிச்சைக்குப் பின் ஓர் ஆண்டில், பிற குடிநோயாளிகளுக்கு உதவியவர்களில் 40 சதவீதம் பேர் மறுபடி குடிக்காமல் இருந்தார்கள், உதவாதவர்களில் 22 சதவீதம்தான். நன்றாகத் தேறியவர்கள்தானே பிறருக்கு உதவ முன்வருவார்கள் என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆரம்ப மாதங்களில் ஸ்பான்சர் கிடைப்பது புதியவருக்குப் பயன்படுவதாகக் காட்டிய ஆய்வுகளும் உண்டு. ஆனாலும் ஆக்ரன் ஹோட்டலில் பில்லுக்கு உள்ளுணர்வாகத் தோன்றியது முட்டாள்தனம் இல்லை என்பது இந்த எண்களில் தெரிகிறது.

முக்தாங்கண் பாணியின் அருமையும் இங்கேதான். நேற்று வந்தவரிடம் இன்று ஒரு பொறுப்பு வருகிறது. வீட்டில் சாவிக்கொத்தைக்கூட நம்பிக் கொடுக்காத ஒருவரிடம், இன்னொரு மனிதரைப் பார்த்துக்கொள்ளும் வேலை வருகிறது. தான் இன்னொருவனுக்குத் தேவைப்படுகிறேன் என்ற உணர்வை எந்த மாத்திரையும் தராது.

இதே உறவு கெட்டுப்போனால் எவ்வளவு கெடும் என்பதற்கும் சாட்சி இருக்கிறது. ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டங்களில் மீண்ட சார்லஸ் டெடரிக், 1958-இல் கலிஃபோர்னியாவில் ‘சினனான்’ என்ற அமைப்பைத் தொடங்கினார். ஆரம்பத்தில் பத்திரிகைகள் புகழ்ந்தன. வட்டமாக உட்கார்ந்து ஒருவரையொருவர் கத்திக் கிழிப்பதுதான் சிகிச்சை. போகப்போக டெடரிக் சொன்னதே சட்டம் ஆனது. உறுப்பினர்கள் தலையை மழித்துக்கொண்டார்கள், ஆண்கள் கட்டாயக் கருத்தடைக்கு ஆளானார்கள். 1978 அக்டோபரில், அமைப்பை எதிர்த்து வழக்காடிய வழக்கறிஞர் பால் மொராண்ட்ஸின் தபால்பெட்டியில் பாம்பு வைக்கப்பட்டது. கடிபட்டும் அவர் பிழைத்தார். டிசம்பரில் டெடரிக்கைக் கைது செய்யப் போலீஸ் போனபோது அவர் குடிபோதையில் இருந்தார்.

தூரத்துக் கதை என்று இதை ஒதுக்க முடியாது. மறுவாழ்வு மையம் என்று பலகை மாட்டிவிட்டு, அடித்து, பூட்டி வைக்கும் இடங்களைப் பற்றிய செய்திகள் நம் நாட்டிலும் வந்துகொண்டுதான் இருக்கின்றன. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் குடி, போதை சார்ந்த மனநலச் சிக்கல்களையும் தன் வரம்புக்குள் கொண்டுவருகிறது. யாரையும் எந்த வடிவிலும் சங்கிலியால் கட்டுவதைத் தடை செய்கிறது. பிள்ளையைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் பெற்றோர் கேட்க வேண்டிய முதல் கேள்விகள் இவை: பதிவு இருக்கிறதா? டாக்டர் வருகிறாரா? வீட்டார் போய்ப் பார்க்கலாமா? மூன்றாவது கேள்விக்கு மழுப்பினால் திரும்பி வந்துவிடுவது நல்லது.

முக்தாங்கண் சினனான் ஆகாமல் தப்பியதற்கு ஒரு காரணம், அங்கே ஒரே ஒரு குரு இல்லை. டாக்டர் அனிதா அவசட் 1997-இல் புற்றுநோயால் இறந்தார். அனில் அவசட் 2022 ஜனவரி 27-ஆம் தேதி, 77 வயதில் காலமானார். தொடங்கிய இருவரும் போன பிறகும் மையம் நடக்கிறது. மகள் முக்தா புணதாம்பேகர், மனநல ஆலோசகராக இருந்து பொறுப்புக்கு வந்தவர், அதை நடத்துகிறார். பெண்களுக்கான ‘நிஷிகந்த்’ பிரிவு 2009-இல் தொடங்கியது. குடிக்கும் ஆணுக்காவது ஊர் பரிதாபப்படும், குடிக்கும் பெண்ணுக்கு அதுவும் கிடையாது என்பதால் இந்தப் பிரிவின் தேவை பெரிது.

அனில் அவசட்டிடம் இன்னொரு பாடம் இருந்தது. அவர் காகிதத்தை மடித்து ஓரிகாமி உருவங்கள் செய்வார், மரம் செதுக்குவார், புல்லாங்குழல் வாசிப்பார். குடிப்பவரின் நாள் எப்படிப் போகும் என்று தெரிந்தவர்களுக்கு இதன் அருமை புரியும். காசு தேட, சரக்கு தேட, குடிக்க, தெளிய என்றே பொழுது கழிந்திருக்கும். அதை நிறுத்திய மறுநாள், பெரிய வெற்று நேரம் எதிரே நிற்கும். அந்த நேரத்தில் கைக்கு ஒரு வேலை வேண்டும்.

அந்த வேலையை உடம்புக்கே கொடுத்தவரும் இதே புனேயில் இருந்தார். பி.கே.எஸ். ஐயங்கார் 1937-இல் யோகம் கற்பிக்க இந்த ஊருக்கு வந்து, 2014-இல் இறக்கும்வரை இங்கேயே இருந்தவர். அவருடைய மாணவர்களில் ஒருவர் பம்பாய்ப் பாதிரியார் ஜோ பெரேரா. அவரே குடிநோயிலிருந்து மீண்டவர். 1981-இல் பாந்த்ராவில் அவர் தொடங்கிய ‘கிருபா’ அறக்கட்டளை, ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸின் மீட்பு வழிமுறையான பன்னிரண்டு படிகளையும் ஐயங்கார் யோகத்தையும் சேர்த்தே கொடுக்கிறது. ஐயங்கார் குடிநோயாளி அல்ல. ஆனால் முதுகை நிமிர்த்தி, மூச்சைக் கவனித்து, ஓர் ஆசனத்தில் பொறுமையாக நிற்கக் கற்றுக்கொடுத்தவர் அவர். ஆசை எழும்போது அதன் பின்னால் ஓடாமல் நிற்கும் பயிற்சியும் அதில் இருக்கிறது.

தமிழ்நாட்டில் இத்தகைய மறுவாழ்வுச் சிகிச்சையின் வேர் வேறொரு துயரத்தில் இருக்கிறது. கணவர் டி.டி. ரங்கநாதனைக் குடிநோய்க்குப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன், 1980-இல் சென்னையில் அவர் பெயரில் ஓர் அறக்கட்டளையைத் தொடங்கினார். இன்று டி.டி.கே. மருத்துவமனை என்று எல்லோரும் அறிந்த இடம் அது. அவர் மீண்டவர் அல்ல, இழந்தவர். இழந்தவரும் வழிகாட்டலாம் என்பதற்கு அவரே சான்று.

இத்தனைக்கும் நடுவில் ஒரு கணக்கு நெஞ்சில் முள்ளாகத் தைக்கிறது. மத்திய சமூகநீதி அமைச்சகத்துக்காக எய்ம்ஸ் நடத்தி 2019-இல் வெளியான தேசிய ஆய்வின்படி, மதுவால் பாதிக்கப்பட்டு உதவி தேவைப்படுவோர் 5.7 கோடிக்கும் மேல். மதுவுக்கு அடிமையானவர்களில் 38 பேருக்கு ஒருவருக்குத்தான் ஏதாவது ஒரு சிகிச்சை கிடைத்திருந்தது. மீதி 37 பேருக்குப் போதுமான மனநல மருத்துவர்கள் நாளைக்கே வந்துவிட மாட்டார்கள். ஆனால் மீண்டவர்கள் ஏற்கெனவே ஒவ்வொரு ஊரிலும் இருக்கிறார்கள். அவர்களுக்குப் பயிற்சியும் நியாயமான சம்பளமும் கொடுத்து, டாக்டருக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டு உட்கார வைக்கும் வேலையை அரசு பெரிய அளவில் எடுத்துச் செய்ய வேண்டும். மத்திய அரசின் போதை மீட்பு உதவி எண் 14446, கட்டணம் கிடையாது. ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டங்கள் தமிழிலும் நடக்கின்றன. போய் உட்காரப் பணமோ பெயரோ கேட்க மாட்டார்கள்.

அடுத்த வாரம்: குடிப்பவரின் மனைவிக்கு யார் வழிகாட்டி? முக்தாங்கணின் ‘சஹசரி’ குழு.