தோன்றி மறையும் எச்சரிக்கை விளக்கு

நுழையும்முன்

நிலைத்து நிற்கும் பழுதைக் கண்டறிவது எளிது. வந்து வந்து போகும் பழுதைக் கண்டறிவது அரிது. பணிமனைக்கு வண்டியைக் கொண்டு செல்லும்போது விளக்கு அணைந்திருக்கும். வீடு திரும்பும் வழியில் மீண்டும் எரியும். இத்தகைய பழுதின் காரணத்தை முறையாகத் தேடுவது எவ்வாறு என்பதைப் பழைய பெட்ரோல் கார்களில் உள்ள டிஸ்ட்ரிபியூட்டர் என்னும் கருவியைக் கொண்டு இப்பாடம் விளக்குகிறது.

விளக்கு கூறும் செய்தி

காரின் முகப்புப் பலகையில் எஞ்சின் வடிவில் மஞ்சள் நிற விளக்கு ஒன்று உண்டு. சாவியைத் திருப்பியதும் அது எரிய வேண்டும்; எஞ்சின் இயங்கத் தொடங்கியதும் அணைய வேண்டும். வண்டி ஓடும்போது அது எரிந்தால், எஞ்சினை ஆளும் மின்னணுக் கட்டுப்பாட்டு அலகு, தான் எதிர்பார்த்ததற்கு மாறான ஒன்றைக் கண்டுள்ளது என்பது பொருள்.

இவ்விளக்கு புகை மாசைக் கட்டுப்படுத்தும் சட்டங்களோடு தொடர்புடையது. அமெரிக்காவில் 1996-ஆம் ஆண்டு மாதிரிக் கார்கள் முதல், பழுதைத் தானே கண்டறிந்து குறியீடாகப் பதிவு செய்யும் ‘ஓபிடி 2’ என்னும் முறை கட்டாயமாயிற்று. இந்தியாவில் இத்தகைய தற்சோதனை முறையின் முதற்கட்டம் 2010 ஏப்ரலிலும், இரண்டாம் கட்டம் 2013 ஏப்ரலிலும் நடைமுறைக்கு வந்தன.

விளக்கு ‘ஏதோ ஒன்று சரியில்லை’ என்று மட்டுமே சொல்லும். எது சரியில்லை என்பதற்கான தடயம், கட்டுப்பாட்டு அலகின் நினைவகத்தில் குறியீடாக இருக்கும். அக்குறியீடும் தடயமே அன்றித் தீர்ப்பு ஆகாது. இவ்வேறுபாட்டை மறந்து, குறியீடு சுட்டும் பாகத்தை உடனே மாற்றிவிடுவதால்தான் பலருடைய பணம் வீணாகிறது.

டிஸ்ட்ரிபியூட்டரின் பணி

பெட்ரோல் எஞ்சினில், சிலிண்டருக்குள் அழுத்தப்பட்ட எரிபொருள் கலவையை ஸ்பார்க் பிளக்கின் தீப்பொறி எரிக்கிறது. பேட்டரியின் 12 வோல்ட் மின்னழுத்தம் தீப்பொறிக்குப் போதாது. காயில் எனப்படும் மின்சுருள் அதனை 20,000 வோல்ட்டுக்கும் மேலாக உயர்த்துகிறது. அவ்வுயர் மின்னழுத்தத்தை எந்தச் சிலிண்டருக்கு, எப்போது அனுப்புவது? அதனைச் செய்வதே டிஸ்ட்ரிபியூட்டர். பகிர்ந்தளிப்பது என்பதே அச்சொல்லின் பொருள்.

இதன் நடுவே ரோட்டார் என்னும் சிறு சுழலி சுற்றுகிறது. மேலே உள்ள மூடியின் உட்புறத்தில், சிலிண்டருக்கு ஒன்றாக உலோக முனைகள் உள்ளன. ரோட்டார் ஒவ்வொரு முனையையும் நெருங்கும்போது மின்சாரம் இடைவெளியைத் தாவி, தடித்த கம்பி வழியாக உரிய பிளக்கைச் சேர்கிறது. கிராங்க் ஷாஃப்ட் இருமுறை சுற்றும்போது ரோட்டார் ஒருமுறை சுற்றும். நான்கு சிலிண்டர் எஞ்சின் நிமிடத்திற்கு 3,000 சுற்றுகள் சுழன்றால், ரோட்டார் 1,500 முறை சுற்றி, நொடிக்கு 100 தீப்பொறிகளைப் பகிர்ந்தளிக்கிறது. இவற்றுள் சில தவறினாலும் எஞ்சின் குலுங்குவதை நாம் உணரலாம்.

1990-களின் கார்கள் சிலவற்றில் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் வேறு சில பாகங்களும் இடம்பெற்றன. காயில், அதற்குச் செல்லும் மின்னோட்டத்தைத் தடுத்துத் திறக்கும் இக்னைட்டர், சுழற்சியின் நிலையை அறியும் உணரிகள் ஆகியன ஒரே கூட்டுக்குள் அமைந்தன. இதனால் அக்கூட்டில் தோன்றும் ஒரு சிறு குறை பலவகைக் குறியீடுகளாக வெளிப்படலாம்.

பழுது ஏன் வந்து மறைகிறது?

சூழ்நிலை மாறும்போது பழுதும் மாறுகிறது. டிஸ்ட்ரிபியூட்டரில் காணப்படும் குறைகளை மூன்று வகையாகப் பிரிக்கலாம்.

முதலாவது, ஈரத்தால் தோன்றுவது. மூடியில் மெல்லிய விரிசல் இருந்தால், மழைக்காலக் காலைகளில் ஈரம் படிந்து, மின்சாரம் உரிய முனைக்குச் செல்லாமல் விரிசல் வழியாகக் கசிகிறது. கசியும் வழியில் பென்சிற்கோடு போன்ற கரித்தடம் படிகிறது. எஞ்சின் சூடேறி ஈரம் உலர்ந்ததும் குறை மறைகிறது.

இரண்டாவது, வெப்பத்தால் தோன்றுவது. பழுதடையத் தொடங்கிய இக்னைட்டரோ காயிலோ குளிர்ந்த நிலையில் நன்றாக இயங்கும். நெடுந்தூரம் ஓடி வெப்பம் ஏறியபின் திடீரெனச் செயலிழக்கும். அரைமணி நேரம் வண்டியை நிறுத்தி வைத்தால் மீண்டும் இயங்கும்.

மூன்றாவது, அதிர்வால் தோன்றுவது. தளர்ந்த இணைப்பி, உறைக்குள் முறிந்த கம்பி, தேய்ந்த பேரிங் ஆகியன இவ்வகையின. பேரிங் தேய்ந்தால் தண்டு ஆடும். உணரிக்கும் அதன் எதிரே சுழலும் பற்சக்கரத்திற்கும் இடையேயுள்ள நுண்ணிய இடைவெளி மாறும். சமிக்ஞை விட்டுவிட்டு வரும்.

இவற்றோடு கட்டுப்பாட்டு அலகின் இயல்பையும் அறிதல் வேண்டும். ஓபிடி 2 முறையில் பல பழுதுகள் அடுத்தடுத்த இரு பயணங்களில் தென்பட்டால்தான் விளக்கு எரியும். பின்னர், பொதுவாகத் தொடர்ந்து மூன்று பயணங்களில் பழுது தென்படாவிடில் விளக்கு தானே அணையும். ஆயினும் குறியீடு உடனே அழிவதில்லை. மேலும் பல பயணங்கள் வரை நினைவகத்தில் இருக்கும். எனவே, விளக்கு அணைந்தது என்பதற்குப் பழுது நீங்கியது என்று பொருளில்லை.

ஆய்வு முறை

1. முதலில் குறியீட்டைப் படித்து எழுதிக்கொள்ள வேண்டும். பேட்டரி இணைப்பைக் கழற்றினால் தடயம் அழிந்துபோகக்கூடும். பழுது பதிவான கணத்தில் எஞ்சினின் வேகம், வெப்பநிலை, சுமை ஆகியவை எவ்வளவு இருந்தன என்னும் விவரமும் குறியீட்டோடு கிடைக்கும். அதனையும் குறித்துக்கொள்க.

2. வண்டி ஓட்டுபவரிடம் வினவுக. மழையிலா, வெயிலிலா, மேடுபள்ளத்திலா விளக்கு எரிந்தது? ஓட்டுநரின் விடை, மேற்கூறிய மூன்று வகைகளுள் எதனைத் தேட வேண்டும் என்பதைக் காட்டும்.

3. குறியீட்டின் பொருளை ஆராய்க. பி0301 முதல் பி0304 வரையுள்ள குறியீடுகள், முறையே 1 முதல் 4 வரையுள்ள சிலிண்டர்களில் எரிதல் தவறியதைக் குறிக்கும். ஒரே சிலிண்டர் எனில், அதன் பிளக், கம்பி, மூடியின் முனை, எரிபொருள் தெளிப்பான் ஆகியவற்றை முதலில் பார்க்க வேண்டும். பி0300 என்பது பல சிலிண்டர்களில் ஒழுங்கின்றித் தவறுவதைக் குறிக்கும். அப்போது எல்லாச் சிலிண்டர்களுக்கும் பொதுவான ரோட்டார், காயில், இக்னைட்டர் ஆகியவற்றின்மீது ஐயம் எழும். எரிபொருள் அழுத்தக் குறைவும் காற்றுக் கசிவும் இதே குறியீட்டைத் தரலாம் என்பதையும் மறத்தல் கூடாது.

4. எஞ்சினை நிறுத்தி, மூடியைக் கழற்றிக் கண்ணால் பார்க்க. கரித்தடம், விரிசல், முனைகளில் படிந்த துகள், நடுவிலுள்ள கார்பன் பொத்தானின் தேய்வு, உள்ளே கசிந்த எண்ணெய் ஆகியவற்றைத் தேடுக. தண்டைப் பக்கவாட்டில் அசைத்துப் பார்க்க. உணரத்தக்க ஆட்டம் இருப்பின் பேரிங் தேய்ந்துள்ளது.

5. இடம்மாற்றிச் சோதிக்க. இரண்டாம் சிலிண்டரின் பிளக்கை மூன்றாம் சிலிண்டருக்கு மாற்றியபின் குறியீடும் பி0302-லிருந்து பி0303-க்கு மாறினால், குற்றவாளி அந்தப் பிளக்கே. மாறாவிடில் அது குற்றமற்றது. கம்பியையும் இவ்வாறே சோதிக்கலாம். ஒரு முறைக்கு ஒரு பாகத்தை மட்டுமே மாற்றுதல் வேண்டும்; இரண்டை ஒருசேர மாற்றினால் எதனால் குறை நீங்கியது என அறிய இயலாது.

6. பழுதை மீண்டும் வரவழைத்துப் பார்க்க. ஈரத்தில் வரும் குறையை இருட்டில் எஞ்சினை இயக்கிப் பார்த்தால், மூடியிலோ கம்பியிலோ நீலநிறப் பொறிகள் கசிவது சில வேளைகளில் தெரியும். அதிர்வால் வரும் குறையை, மல்டிமீட்டரை இணைத்துக் கம்பியை மெல்ல அசைத்துக் காணலாம்.

எச்சரிக்கை: எஞ்சின் இயங்கும்போது உயர் மின்னழுத்தப் பகுதிகளைத் தொடுதல் ஆகாது. மூடிய அறைக்குள் எஞ்சினை இயக்குதலும் ஆகாது. புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு உயிரைப் பறிக்கும். இச்சோதனைகளைப் பயிற்சி பெற்ற பணியாளரே செய்தல் வேண்டும். மாணவர் உடனிருந்து காணலாம்.

ஓர் எடுத்துக்காட்டு

அமெரிக்காவில் விற்பனையான 1996–2000 மாதிரி ஹோண்டா சிவிக் காரில், சிலிண்டர் நிலையை அறியும் உணரி டிஸ்ட்ரிபியூட்டருக்குள்ளேயே உள்ளது. அதன் சமிக்ஞை இடையிடையே அறுபட்டால் பி1381 என்னும் குறியீடு பதிவாகும். சமிக்ஞையே வாராதிருந்தால் பி1382 பதிவாகும்.

பி1381 பதிவான ஒரு வண்டியைக் கொள்வோம். அதில் ஐயத்திற்குரியவை மூன்று: உணரி, இணைப்பி, உணரியிலிருந்து கட்டுப்பாட்டு அலகு வரை செல்லும் கம்பி. அவசரப்படுபவர் டிஸ்ட்ரிபியூட்டர் கூட்டையே மாற்றிவிடுவார். முறையறிந்தவர் இணைப்பியைக் கழற்றி, உணரியின் மின்தடையை அளந்து, தயாரிப்பாளரின் கையேட்டில் உள்ள அளவோடு ஒப்பிடுவார். குளிர்ந்த நிலையில் ஒருமுறையும் சூடான நிலையில் ஒருமுறையும் அளப்பார். இரு நிலைகளிலும் அளவு சரியாக இருந்து, கம்பியை அசைக்கும்போது மட்டும் தொடர்பு அறுந்தால், குறை கம்பியில் உள்ளது. கம்பியைச் சீர்செய்யச் சிறுதொகை போதும். உணரியின் அளவே தாவிக் குதித்தால்தான் கூட்டினை மாற்றுதல் முறையாகும். ஒரே குறியீட்டிற்குச் செலவு வேறுபட்ட இரு தீர்வுகள் இருப்பதைக் காண்க.

கூட்டினைக் கழற்றும்முன் அதன் நிலையை எஞ்சின்மீது கோடிட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும். கூடு சற்றுத் திரும்பினாலும் தீப்பொறி தோன்றும் நேரம் மாறிவிடும். பொருத்தியபின் அந்நேரத்தைச் சரிபார்த்தலும், கம்பிகளை 1-3-4-2 என்னும் எரிவரிசைப்படி இணைத்தலும் இன்றியமையாதவை.

ஏன் இத்தனை கவனம்?

எரியாத பெட்ரோல் வெளியேறி, புகைக்குழாயிலுள்ள வினையூக்கி மாற்றியில் எரிந்தால், அது அளவுக்கு மீறிச் சூடேறிப் பாழாகும். விளக்கு நிலையாக எரியாமல் விட்டுவிட்டு மின்னினால், அத்தகைய கேடு அப்போதே நிகழ்கிறது என்று கொண்டு, வேகத்தைக் குறைத்து, பாதுகாப்பான இடத்தில் வண்டியை நிறுத்த வேண்டும். வெப்பத்தால் செயலிழக்கும் இக்னைட்டர், விரைவுச் சாலையின் நடுவிலும் எஞ்சினை நிறுத்திவிடக்கூடும். அங்கே பணத்தோடு உயிரும் ஆபத்துக்கு உள்ளாகிறது.

இன்றைய புதிய கார்களில் ஒவ்வொரு பிளக்கிற்கும் தனித்தனிக் காயில் அமைந்திருப்பதால் டிஸ்ட்ரிபியூட்டர் மறைந்துவிட்டது. எனினும், பழைய வாடகைக் காரை ஓட்டிக் குடும்பம் நடத்துபவருக்கு அக்கருவி இன்றும் வாழ்வாதாரத்தின் ஒரு பகுதி. அவர் தேவையற்ற பாகத்திற்குக் கொடுக்கும் ஒவ்வொரு ரூபாயும் அவர் வீட்டு அடுப்பிலிருந்து எடுக்கப்படுவதே. ஊகத்தை விடுத்துச் சான்றைத் தேடும் பணியாளர் அவருடைய உழைப்பையும் காக்கிறார்.

பயிற்சி

அ) குறுவினா
1. ‘குறியீடு தடயமே அன்றித் தீர்ப்பு ஆகாது’ – விளக்குக.
2. விளக்கு அணைந்தபின்னும் பழுது இருக்கக்கூடும் என்பதற்குக் காரணம் யாது?
3. ஒரு முறைக்கு ஒரு பாகத்தை மட்டும் மாற்றிச் சோதிப்பது ஏன்?

ஆ) கணக்கிடுக
நான்கு சிலிண்டர் எஞ்சின் நிமிடத்திற்கு 2,400 சுற்றுகள் சுழன்றால், டிஸ்ட்ரிபியூட்டர் நொடிக்கு எத்தனை தீப்பொறிகளைப் பகிர்ந்தளிக்கும்?

இ) மொழிப்பயிற்சி
‘கண்டறிவது, தடயம், ஐயம், ஊகம், சான்று’ – இச்சொற்களைக் கொண்டு சொந்தத் தொடர்கள் அமைக்க.

ஈ) நெடுவினா
திருக்குறளின் ‘மருந்து’ அதிகாரத்தைப் படித்து, மருத்துவரின் ஆய்வு முறையையும் எஞ்சின் பழுது நீக்குபவரின் ஆய்வு முறையையும் ஒப்பிட்டு ஒரு பக்க அளவில் கட்டுரை எழுதுக.

உ) செயல்பாடு
உங்கள் பகுதியிலுள்ள வாகனப் பணிமனைக்கு ஆசிரியருடன் சென்று, வந்து மறையும் பழுது ஒன்றைப் பணியாளர் எவ்வாறு கண்டறிந்தார் எனக் கேட்டறிந்து, படிநிலைகளாக எழுதி வகுப்பில் படித்துக் காட்டுக.