ஜாவா மொழியில் பொதுமை வகைப் பல்பரிமாண அணிகள்

முன்னுரை

ஜாவா மொழியில் அணிகள் தொடக்கம் முதலே உள்ளன. ஜெனரிக்ஸ் எனப்படும் பொதுமை வகைகள் 2004இல் வெளிவந்த ஐந்தாம் பதிப்பிலேயே இணைந்தன. இவ்விரண்டின் இயல்புகளும் முரண்படுவதால், 'டி' என்னும் வகைமாறியின் இருபரிமாண அணியை நேரடியாக உருவாக்க இயலாது.

தடைக்கான காரணம்

அணி தன் உறுப்புகளின் வகையை இயக்க நேரத்திலும் அறிந்திருக்கும். பொருந்தாத உறுப்பு இடப்படின் உடனே பிழை எழுப்பும். பொதுமை வகையின் அளபுருவோ தொகுப்பின்போதே அழிக்கப்படுகிறது. சரப் பட்டியல்களின் அணி அனுமதிக்கப்படின், அதனுள் எண் பட்டியல் நுழைவதை இயக்கச் சூழல் கண்டறியாது. பிழை பின்னர் வேறோரிடத்தில் வெளிப்படும். ஆகவே கம்பைலர் அதனை முன்னரே தடுக்கிறது.

தீர்வுகள்

முதலாவது, உறுப்பு வகையின் கிளாஸ் பொருளையும் பரிமாண அளவுகளையும் 'நியூஇன்ஸ்டன்ஸ்' என்னும் வழிமுறைக்கு அளித்தல். அது உரிய வகையுடைய அணியையே தரும். எனினும் 'இன்ட்' போன்ற அடிப்படை வகையை அளித்தால், இருபரிமாண வகைமாற்றம் இயக்க நேரத்தில் தோல்வியுறும்.

இரண்டாவது, ஒருபரிமாண ஆப்ஜெக்ட் அணியில் உறுப்புகளை வரிசையாக அமைத்தல். 3 நிரை, 4 நிரல் கொண்ட அமைப்பிற்கு 12 இடங்கள் தேவை. சுட்டெண்கள் 0இல் தொடங்குவதால், (2, 1) என்னும் உறுப்பு 2×4+1, அதாவது 9 என்னும் சுட்டெண்ணில் அமையும்.

முடிவுரை

அணி வகுப்பிற்கு வெளியே வழங்கப்படுமெனில் முதல் முறையும், உள்ளேயே மறைந்திருக்குமெனில் இரண்டாம் முறையும் ஏற்புடையன.