வாக்குச்சாவடி வரை ஒரு வழித்துணை

அறம் என்றவுடன் அன்னசத்திரமும் தண்ணீர்ப்பந்தலும் பாடசாலையும் மருத்துவமனையுமே நம் நினைவுக்கு வருகின்றன. குடியாட்சி நிலவும் நாட்டில் இவற்றோடு சேர்த்து எண்ணத்தக்க மற்றோர் அறமும் உண்டு. வாக்காளர் பட்டியலில் தம் பெயரைச் சேர்க்க இயலாது தவிக்கும் மக்களுக்கு, அதற்கு வேண்டிய அறிவும் துணையும் கிடைக்குமாறு பொருளுதவி செய்வதே அவ்வறமாகும்.

இதனைச் செய்வது சோறிடுவதைப்போல் எளிதன்று. பசித்தவருக்கு உணவளித்தவரை யாரும் ஐயுறுவதில்லை. வாக்குரிமைக்காகப் பணம் வழங்குபவரையோ, "எந்தக் கட்சியை வளர்க்க இந்தக் கொடை?" என்று ஊர் கேட்கும். அவ்வாறு கேட்பதும் முறையே. ஆகவே, மக்களாட்சிக்கு உரமிட விரும்பும் செல்வர் எவ்வளவு தொலைவு வரலாம், எவ்விடத்தில் நின்றுவிடவேண்டும் என்பது ஆழ்ந்து சிந்திக்கத்தக்க வினாவாகும். இதற்கு விடை தேடுவோர்க்கு, அமெரிக்க நாட்டின் தென் மாநிலங்களில் 1962ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற 'வாக்காளர் கல்வித் திட்டம்' நல்லதொரு பாடமாக விளங்குகிறது.

நிறத்தைக் காரணமாகக் கொண்டு எவருடைய வாக்குரிமையையும் மறுத்தலாகாது என்று 1870ஆம் ஆண்டிலேயே அந்நாட்டு அரசியலமைப்பு திருத்தப்பெற்றது. எனினும், ஏட்டில் இருந்த உரிமை நாட்டில் இல்லை. மிஸிஸிப்பி மாநிலத்தில் பெயரைப் பதிவு செய்ய விரும்பும் கறுப்பின உழவர், மாநில அரசியலமைப்பில் பதிவதிகாரி சுட்டிக்காட்டும் பிரிவு ஒன்றுக்குப் பொருள் விளக்கவேண்டும். விளக்கம் சரியா, தவறா என்று தீர்ப்புக் கூறுபவரும் அவ்வதிகாரியே. போதாக்குறைக்கு, விண்ணப்பித்தவரின் பெயரைச் செய்தித்தாளில் இரண்டு வாரம் வெளியிடவேண்டும் என 1962ஆம் ஆண்டில் அம்மாநிலத்தார் சட்டமும் இயற்றினர். பெயர் வெளியானால் வேலை போகும். குடியிருந்த குடிசையும் போகும். சிலருக்கு உயிரே போயிற்று.

இந்நிலையைக் கண்டு, டக்கானிக் நிதியம், ஃபீல்ட் நிதியம், ஸ்டெர்ன் குடும்ப நிதியம் ஆகிய அறநிலையங்கள் முன்வந்தன. டக்கானிக் நிதியத்தின் தலைவர் ஸ்டீஃபன் கரியர் 1961ஆம் ஆண்டில் உரிமை இயக்கத் தலைவர்களுடன் கலந்து பேசினார். அதிபர் கென்னடியின் அரசாங்கமும் ஊக்கமளித்தது. அறநிலையங்கள் பணத்தைத் தாமே பகிர்ந்தளிக்கவில்லை. அட்லாண்டா நகரிலிருந்த தென் வட்டார மன்றம் என்னும் கட்சிச் சார்பற்ற அமைப்பு இடையில் நின்று அப்பணியை ஏற்றது. லிட்டில் ராக் பள்ளி வழக்கில் கறுப்பின மாணவர்களுக்காக வாதாடிய வழக்கறிஞர் வைலி பிரான்டன் திட்டத்தின் இயக்குநரானார். டாக்டர் மார்ட்டின் லூதர் கிங்கின் அமைப்பு உள்ளிட்ட பெரிய இயக்கங்கள் ஐந்தும், பல சிறிய ஊர்க்கழகங்களும் உதவி பெற்றன.

நிபந்தனைகள் தெளிவாக இருந்தன. பதிவு செய்யுமாறு மக்களை அழைக்கலாம்; படிவம் நிரப்பக் கற்பிக்கலாம்; அலுவலகம் வரை உடன் செல்லலாம். ஆனால், இன்னாருக்கு வாக்களியுங்கள் என்று சொல்லலாகாது. செலவுக் கணக்கும், பதிவு செய்தோர் தொகையும் ஒழுங்காக அனுப்பவேண்டும். வரிவிலக்குப் பெற்ற அறப்பணம் கட்சிப் பணமாக மாறிவிடலாகாது என்பதே இதன் கருத்து.

காகிதத்தில் எழுதிய நிபந்தனைகள் களத்தில் கடுஞ்சோதனைக்கு உள்ளாயின. மிஸிஸிப்பியில் கிரீன்வுட் என்னும் பருத்தி வட்டாரத்து ஊரில் பதிவு இயக்கம் தலையெடுத்தவுடன், ஏழைகளுக்கு வழங்கிவந்த அரசாங்க உணவுப் பொருள்களை 1962ஆம் ஆண்டின் பிற்பகுதியில் உள்ளூராட்சியினர் நிறுத்திவிட்டனர். 1963 பிப்ரவரி 28ஆம் நாள் இரவு, அவ்வூரிலிருந்து புறப்பட்ட மோட்டார் வண்டி ஒன்றின்மீது துப்பாக்கிக் குண்டுகள் பாய்ந்தன. வண்டியை ஓட்டிய ஜிம்மி டிராவிஸ் என்ற இளைஞர் கழுத்தில் குண்டுபட்டும் உயிர் பிழைத்தார். அதே வண்டியில் இயக்கத் தலைவர் பாப் மோசஸும், வாக்காளர் கல்வித் திட்டத்தின் அலுவலர் ராண்டால்ஃப் பிளாக்வெல்லும் இருந்தனர். அறநிலையத்தின் கணக்கேட்டைச் சுமந்து சென்றவரும் குண்டுக்குத் தப்பியே திரும்பவேண்டியிருந்தது.

இதன்பின் நேர்ந்ததுதான் இவ்வரலாற்றின் கடினமான பகுதி. உழைப்பு மிகுதி, பலன் மிகக் குறைவு. பதிவதிகாரிகள் அசையவில்லை. மைய அரசாங்கமும் போதிய பாதுகாப்பு அளிக்கவில்லை. களத்தில் அடிபட்டுக் கொண்டிருந்த இளைஞர்களால் கணக்கும் அறிக்கையும் முறையாக அனுப்ப இயலவில்லை. 1963 நவம்பரில், மிஸிஸிப்பிக்கு அளித்துவந்த உதவியைப் பிரான்டன் நிறுத்தினார். இருக்கும் பணம் வேறு மாநிலங்களில் பன்மடங்கு பெயர்களைப் பட்டியலில் ஏற்றும் என்பது அவர் கூறிய காரணம். எங்கே கொடுமை மிகுதியோ அங்கேயன்றோ உதவி வேண்டும் என்பது இளைஞர்களின் மனக்குறை.

இருதரப்பிலும் நியாயம் உண்டு. 1962 முதல் 1964 வரை எட்டரை லட்சம் டாலருக்கு மேல் செலவிட்டு, பதினொரு மாநிலங்களில் ஏறத்தாழ 6,88,000 பேரைப் பதிவு செய்வித்தது அத்திட்டம். அவர்களுள் மிஸிஸிப்பியினர் சில ஆயிரவரே. தலைக்கு இவ்வளவு டாலர் என்று வகுத்துப் பார்த்தால், அம்மாநிலத்திற்கு அளித்த பணம் வீண் என்றே தோன்றும். ஆனால், அதே 1963 நவம்பரில் மோசஸும் அவர் தோழர்களும் நடத்திய மாதிரித் தேர்தலில் ஏறத்தாழ 80,000 கறுப்பின மக்கள் வாக்களித்தனர். வாக்களிக்க அவர்களுக்கு விருப்பமில்லை என்ற பொய் அன்றோடு அழிந்தது. 1965 ஆகஸ்ட் 6ஆம் நாள் வாக்குரிமைச் சட்டம் பிறந்தது. அதற்கு முன் மிஸிஸிப்பியில் கறுப்பினத்தாருள் பதிவு பெற்றோர் நூற்றுக்கு 6.7 பேர், 1967இல் 59.8 பேர். வீண் எனப்பட்ட விதை சட்டம் என்னும் மழைக்காக நிலத்தடியிற் காத்திருந்தது எனலாம். கணக்குப் பார்த்தல் கொடையாளரின் கடமையே. எனினும், இவ்வகை அறத்தின் விளைச்சல் ஓராண்டுக் கணக்கில் அடங்குவதில்லை.

மறுபுறத்து ஆபத்தும் உண்டு. 1967ஆம் ஆண்டில் கிளீவ்லாந்து நகரில் ஃபோர்டு நிதியம் வழங்கிய 1,75,000 டாலர் கொடையில் ஒரு பகுதி வாக்காளர் பதிவுக்குச் செலவாயிற்று. அவ்வாண்டு நவம்பரில் கார்ல் ஸ்டோக்ஸ் மேயரானார். பெருநகர் ஒன்றுக்குக் கறுப்பினத்தவர் ஒருவர் மேயராகத் தேர்ந்தெடுக்கப்பெற்றது அதுவே முதன்முறை. அறநிலையம் தேர்தலில் தலையிட்டது என்று சட்டமன்றத்தில் சினம் மூண்டது. 1969ஆம் ஆண்டு வரிச் சீர்திருத்தச் சட்டம் இதற்கு வரம்பு கட்டிற்று. பதிவு இயக்கத்திற்கென அறநிலையம் பணம் ஒதுக்க வேண்டுமானால், அவ்வியக்கம் கட்சிச் சார்பற்றதாயும், ஐந்து மாநிலங்களுக்குக் குறையாமலும், ஒரே தேர்தலோடு முடியாததாயும் இருக்கவேண்டும் என்பது அதன் சாரம். வாக்காளர் கல்வித் திட்டம் இவ்வரம்புக்குள் நின்று 1992 வரை பணியாற்றியது. வெர்னான் ஜோர்டனும், பின்னாளில் காங்கிரஸ் உறுப்பினராகப் புகழ்பெற்ற ஜான் லூயிஸும் அதன் இயக்குநர்களாக விளங்கினர்.

நம் நாட்டிலும் வரம்புகள் உண்டு. அயல்நாட்டுக் கொடையை அரசியற் கட்சிகளும் வேட்பாளர்களும் பெறலாகாது எனச் சட்டம் தடுக்கிறது. 2013ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டப்படி நிறுவனங்கள் செய்யும் சமூகப் பணிச் செலவில் கட்சிக்கு அளிக்கும் பணம் சேராது. ஆயினும், குடிமக்களுக்கு வாக்குரிமையின் வழிமுறைகளை எடுத்துரைப்பதற்கு எவருடைய தடையும் இல்லை.

பிறந்த ஊரை விட்டுப் பிழைக்க வந்த நமக்கு இது பெரிதும் பொருந்தும். ஊரில் பாட்டனார் கட்டிய வீடு இருக்கிறது என்பதனால் மட்டுமே ஒருவர் அவ்வூர் வாக்காளராகிவிட முடியாது. வழக்கமாக வசிக்கும் இடமே கணக்கு என்று 1950ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் கூறுகிறது. இரண்டு ஊர்களில் பெயர் வைத்துக்கொள்வதும் கூடாது. வெளியூரில் இருந்தபடியே சொந்தத் தொகுதிக்கு வாக்களிக்கும் இயந்திரத்தை 2023 ஜனவரியில் தேர்தல் ஆணையம் கட்சிகளுக்குக் காட்ட முன்வந்தும், கருத்தொற்றுமை ஏற்படவில்லை. ஆகவே, வாடகை வீடு மாறும்போதெல்லாம் பெயரையும் மாற்றிக்கொள்ளுதல் நம் பொறுப்பாகும். புதிதாகச் சேர 6ஆம் எண் படிவமும், இடம் மாற 8ஆம் எண் படிவமும் உள்ளன.

வேற்றுமொழிப் படிவத்தைக் கண்டு தயங்கும் புதுக் குடும்பங்கள் எத்தனையோ! பெருநிதியங்கள் செய்த பணியின் சிறு பங்கை நம் சங்கங்களும் செய்யலாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலையில் நான்கு இளைஞர்கள் மேசை போட்டு அமர்ந்து, வருவோர்க்குப் படிவம் நிரப்ப உதவினால் அதற்கு ஆகும் செலவு காப்பிச் செலவே. உதவி பெற்றவர் யாருக்கு வாக்களிப்பார் என்று மட்டும் கேளாதிருக்க வேண்டும். நம் அன்பர்கள் இதனைச் சிந்திப்பார்களாக.