காத்திரு என்கிறது சட்டம்

அகதிகளின் குடும்பங்களைத் தள்ளி நிறுத்தும் விசா அரசியல்

2025 ஜூன் 27 அன்று ஜெர்மனி நாடாளுமன்றத்தில் ஒரு மசோதா வாக்கெடுப்புக்கு வந்தது. ஆதரவாக 444 பேர், எதிர்த்து 135 பேர். அகதிக்கு அடுத்த படியில் வைக்கப்பட்டு, ‘துணைநிலைப் பாதுகாப்பு’ பெற்று அந்நாட்டில் வாழ்கிறவர்கள் கணவனையோ மனைவியையோ பிள்ளைகளையோ அழைத்துக்கொள்ளும் வழி அதன்மூலம் இரண்டு ஆண்டுகளுக்கு மூடப்பட்டது. இந்தப் பிரிவில் இருப்பவர்கள் ஏறத்தாழ 3.88 லட்சம் பேர். பெரும்பாலோர் சிரியர்கள். மிகக் கொடிய இக்கட்டில் இருப்பவர்களுக்கு மட்டும் விலக்கு உண்டு. ஜூலை 24 முதல் சட்டம் அமலுக்கு வந்தது.

இரண்டு மாதம்கூட முழுதாக ஆகவில்லை, பிரிட்டனும் அதே வழிக்கு வந்தது. செப்டம்பர் 1 அன்று அன்றைய உள்துறை அமைச்சர் இவெட் கூப்பர் நாடாளுமன்றத்தில் அறிவித்தார். 4ஆம் தேதி பிற்பகல் 3 மணியோடு அகதிகளுக்கான குடும்ப இணைப்பு விண்ணப்பங்கள் நிறுத்தி வைக்கப்பட்டன. அதுவரை அந்த விண்ணப்பத்துக்குக் கட்டணம் இல்லை, வருமான வரம்பும் இல்லை. இனி மனைவியை அழைக்க விரும்பும் அகதியும் மற்றவர்களைப் போலவே ஆண்டுக்கு 29,000 பவுண்டு வருமானம் காட்ட வேண்டும். நம் கணக்கில் 30 லட்சம் ரூபாய்க்கு மேல். முதல் வேலையைத் தேடிக்கொண்டிருக்கும் ஒருவருக்கு இது எந்தக் காலத்தில் எட்டும்?

இந்த இரு அரசுகளும் “உங்கள் குடும்பம் வரவே கூடாது” என்று சொல்லவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். இப்போது வேண்டாம், பிறகு பார்க்கலாம் என்றே சொல்கின்றன. மறுத்தால் காரணம் காட்ட வேண்டும், நீதிமன்றம் கேள்வி கேட்கும். தள்ளிப்போட்டால் கேட்பவர் குறைவு. இன்றைய ஐரோப்பாவின் அகதிக் கொள்கையில் தாமதமே பெரிய வேலையைச் செய்து முடிக்கிறது.

ஒப்பந்தத்தில் விடுபட்ட குடும்பம்

அகதிகள் என்றதும் எல்லோரும் கைகாட்டுவது 1951ஆம் ஆண்டு ஜெனீவா ஒப்பந்தத்தை. அதில் 46 பிரிவுகள் உண்டு. வேலை, கல்வி, நீதிமன்ற உரிமை எல்லாம் அதில் இருக்கின்றன. சொந்த நாட்டின் பாஸ்போர்ட் இல்லாதவருக்குப் பயணப் பத்திரம் தர வேண்டும் என்று 28ஆம் பிரிவு சொல்கிறது. முதல் உலகப்போருக்குப் பின் நாடிழந்த ரஷ்யர்களுக்காக 1922இல் நார்வேக்காரர் ஃப்ரிட்யோஃப் நான்சென் முன்கையெடுத்து உருவாக்கிய ‘நான்சென் பாஸ்போர்ட்’டின் வாரிசு அது. ஆனால் குடும்பத்தோடு சேர்ந்து வாழும் உரிமை என்று ஒரு பிரிவு அந்த 46இல் இல்லை. ஒப்பந்தத்தை உருவாக்கிய மாநாட்டின் இறுதி ஆவணத்தில், அகதிக் குடும்பங்களின் ஒற்றுமையைக் காக்க அரசுகள் நடவடிக்கை எடுக்க வேண்டும் என்ற பரிந்துரையாக மட்டும் அது ஒதுங்கி நின்றது. பரிந்துரையை மீறினால் யாரும் கூண்டில் ஏற்ற முடியாது.

அந்த ஓட்டையைப் பின்னால் வந்த சட்டங்கள் ஓரளவு அடைத்தன. குடும்பம் சேர்வதற்கான விண்ணப்பங்களை மனிதாபிமானத்தோடும் விரைவாகவும் கையாள வேண்டும் என்கிறது 1989ஆம் ஆண்டு குழந்தைகள் உரிமை உடன்படிக்கையின் 10ஆம் பிரிவு. ஐரோப்பிய ஒன்றியம் 2003இல் தனி நெறிமுறையே கொண்டுவந்தது. அகதி அந்தஸ்து கிடைத்த 3 மாதத்துக்குள் விண்ணப்பித்தால் வீடு, வருமானம் என்று நிபந்தனை போடக் கூடாது என்ற சலுகையும் அதில் உண்டு.

ஆனால் அந்த நெறிமுறை துணைநிலைப் பாதுகாப்புப் பெற்றவர்களைத் தன் வரம்புக்குள் எடுத்துக்கொள்ளவில்லை. இனம், மதம், அரசியல் காரணமாகத் தனிப்பட்ட முறையில் துரத்தப்பட்டவர் அகதி. போரின் கண்மூடித்தனமான வன்முறைக்கோ சித்திரவதைக்கோ மரண தண்டனைக்கோ அஞ்சி வந்தவர் துணைநிலைக்காரர். தாளில் பார்க்கத் தெளிவான கோடுதான். ஒரே தெருவில் ஒரே குண்டுவீச்சுக்குத் தப்பி வந்த இரண்டு பேரில் ஒருவர் அகதியாகவும் மற்றவர் துணைநிலையாகவும் முடிவாவது எப்படி என்று கேட்டால், விசாரித்த அதிகாரியையும் விசாரித்த ஆண்டையும்தான் காட்ட முடியும். 2015இல் ஜெர்மனிக்கு வந்த சிரியர்களில் ஏறக்குறைய எல்லோருக்கும் அகதி அந்தஸ்து கிடைத்தது. 2016 முதல் துணைநிலை முடிவுகள் மளமளவென்று கூடின. சிரியாவில் போர் மாறவில்லை, பெர்லினில் அரசியல் மாறியிருந்தது.

வயது காத்திருப்பதில்லை

துணைநிலைக்காரர்கள் குடும்பத்தை அழைக்கும் வழியை ஜெர்மனி முதலில் மூடியது 2016 மார்ச்சில். 2018 ஆகஸ்டில் மாதம் 1,000 விசா என்ற அளவோடு திறந்தது. இப்போது மறுபடி மூடியிருக்கிறது. டென்மார்க் 2016இல் காத்திருப்பை 3 ஆண்டாக்கியது. சுவிட்சர்லாந்தில் ஈழத்தமிழர் பலருக்கும் பழக்கமான ‘எஃப்’ என்னும் தற்காலிக அனுமதிக்கும் 3 ஆண்டு என்பதே நெடுங்காலம் விதியாக இருந்தது.

டென்மார்க் விதியை ஒரு சிரிய மருத்துவர் எதிர்த்தார். 2015இல் அங்கே தஞ்சம் கேட்டவர். மணமாகி கால் நூற்றாண்டு ஆன மனைவி சிரியாவில். 3 ஆண்டு முடியட்டும் என்று விண்ணப்பம் திருப்பப்பட்டது. உள்நாட்டு நீதிமன்றங்களில் தோற்று, ஸ்ட்ராஸ்பர்க்கில் உள்ள ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்துக்குப் போனார். 2021 ஜூலை 9 அன்று தீர்ப்பு அவர் பக்கம் வந்தது. தனிப்பட்ட நிலைமையைப் பார்க்காமல் எல்லோருக்கும் ஒரே 3 ஆண்டு என்பது குடும்ப வாழ்வுரிமையை மீறுவது என்றது நீதிமன்றம். கூடவே, இரண்டு ஆண்டுக் காத்திருப்பைக் குறைசொல்லத் தனக்குக் காரணம் தெரியவில்லை என்றும் சொல்லிவிட்டது. டென்மார்க் தன் விதியை இரண்டு ஆண்டாக இறக்கிக்கொண்டது. இப்போது ஜெர்மனி மூடி வைத்திருப்பதும் அதே இரண்டு ஆண்டு. சட்டம் தாங்கும் உச்சவரம்பு எதுவோ, அரசுகள் அதிலிருந்தே தொடங்குகின்றன.

பெரியவர்களுக்கு இரண்டு ஆண்டு என்பது துயரம். பிள்ளைகளுக்கு அது உரிமையே பறிபோகும் காலம். சட்டத்தின் கண்ணில் 18 வயது நிரம்பாதவர்தான் பிள்ளை. 2025 ஜூலையில் 16 வயதை முடித்த சிறுவனுக்கு 2027 ஜூலையில் 18. அவனுக்கு யாரும் விசா மறுக்க வேண்டியதில்லை, நாட்காட்டியே மறுத்துவிடும்.

இந்த வயதுக் கணக்கு நீதிமன்றம்வரை போன ஒரு வழக்கு உண்டு. 2014 பிப்ரவரியில் ஓர் எரித்ரியச் சிறுமி தனியாக நெதர்லாந்து வந்து தஞ்சம் கேட்டாள். ஜூனில் அவளுக்கு 18 நிரம்பியது. அக்டோபரில் அனுமதி கிடைத்தது. பெற்றோரை அழைக்க விண்ணப்பித்தபோது “நீ இப்போது சிறுமி இல்லையே” என்று அதிகாரிகள் கைவிரித்தார்கள். ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2018 ஏப்ரல் 12 அன்று அந்த வாதத்தை ஏற்க மறுத்தது. தஞ்சம் கேட்ட நாளில் என்ன வயதோ அதுவே கணக்கு, இல்லையென்றால் கோப்பை மெதுவாக நகர்த்தியே அதிகாரிகள் உரிமையைக் கரைத்துவிடுவார்கள் என்பதுதான் தீர்ப்பின் சாரம்.

சட்டம் ஏற்கும் குடும்பம் நம் ரேஷன் கார்டைவிடச் சிறியது. கணவன், மனைவி, 18க்குட்பட்ட பிள்ளைகள், அவ்வளவுதான். வளர்த்த பாட்டிக்கும் விதவை அத்தைக்கும் அதில் இடமில்லை. ஜெர்மனிக்குத் தனியாக வந்து அகதி அந்தஸ்து பெற்ற சிறுவன் பெற்றோரை அழைக்கலாம். ஆனால் ஊரில் இருக்கும் தம்பி தங்கைகளுக்கு அதே சுலபம் கிடையாது. அவர்களுக்கு வீட்டு வசதியும் வருமானமும் காட்டச் சொல்வார்கள். ஆகவே அப்பா மூத்தவனிடம் போவதா, அம்மா இளையவர்களோடு தங்குவதா என்று ஒரு குடும்பம் தானே தன்னைப் பிரித்துக்கொள்ள வேண்டிவருகிறது.

துரத்தியவனிடமே கையெழுத்து

நாள் கனிந்தாலும் காகிதம் வேண்டும். பிறப்புச் சான்று, திருமணச் சான்று, பாஸ்போர்ட். இவற்றைத் தர வேண்டியது, எந்த அரசுக்குப் பயந்து ஓடி வந்தாரோ அதே அரசு.

எரித்ரியாவை எடுத்துக்கொள்வோம். அங்கே கட்டாய தேசிய சேவைக்கு நடைமுறையில் முடிவுத் தேதி இல்லை. அதிலிருந்து தப்பி வந்து ஜெர்மனியில் துணைநிலைப் பாதுகாப்புப் பெற்ற ஒருவர் பயணப் பத்திரம் கேட்டார். உன் நாட்டுத் தூதரகத்தில் பாஸ்போர்ட் வாங்கி வா என்றது அலுவலகம். தூதரகமோ ஒரு ‘வருத்தக் கடிதத்தில்’ கையெழுத்துக் கேட்கும். தேசிய சேவையைச் செய்யாமல் குற்றம் புரிந்தேன், அதற்குரிய தண்டனையை ஏற்கிறேன் என்பது அதன் வாசகத்தின் பொருள். இப்படி ஒரு வாக்குமூலத்தை விருப்பமில்லாதவரிடம் எதிர்பார்ப்பது நியாயமில்லை என்று ஜெர்மனியின் உச்ச நிர்வாக நீதிமன்றம் 2022 அக்டோபர் 11 அன்று சொன்ன பிறகே அவருக்கு வழி பிறந்தது.

காகிதத்தில் சந்தேகம் வந்தால் மரபணுவைச் சோதிப்பது இன்று வழக்கம். மரபணு ரேகை உலகில் முதன்முதலாகப் பயன்பட்டதே ஒரு குடிவரவு வழக்கில்தான். கானாவிலிருந்து பிரிட்டனில் இருக்கும் தாயிடம் திரும்பிய ஒரு சிறுவனை விமான நிலையத்தில் தடுத்தார்கள். பாஸ்போர்ட்டில் கைவைத்திருக்கிறார்கள், இவன் அவள் மகன் அல்ல என்பது அதிகாரிகளின் ஐயம். 1985இல் லெஸ்டர் பல்கலைக்கழகத்தின் அலெக் ஜெஃப்ரிஸ் தன் புதிய முறையில் சோதித்து, அவன் அவள் மகனே என்று காட்டினார். சிறுவன் தாயோடு தங்கினான். அறிவியல் அன்று ஒரு குடும்பத்தைச் சேர்த்தது. ஆனால் மரபணு எல்லா உறவையும் காட்டாது. பெற்றோரை இழந்த உறவுப் பையனைத் தன் பொறுப்பில் வளர்த்த எரித்ரியப் பெண் ஒருவர் நெதர்லாந்துக்கு அவனை அழைத்தபோது, போதிய சான்றுகள் இல்லை என்று தட்டிக்கழித்தார்கள். சான்று இல்லை என்ற ஒரே காரணத்துக்காக நிராகரிக்கக் கூடாது, ஏன் இல்லை என்ற விளக்கத்தையும் அந்நாட்டு நிலைமையையும் பார்க்க வேண்டும் என்று 2019இல் ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது.

விசா கேட்க ஒரு விசா

காகிதமும் சேர்ந்தாயிற்று. கொடுக்க வேண்டிய தூதரகம் எங்கே? 2017 மே மாதக் குண்டுவெடிப்புக்குப் பின் காபூல் ஜெர்மன் தூதரகத்தில் விசாப் பிரிவு இயங்கவில்லை. ஆப்கன் பெண் முதலில் பாஸ்போர்ட் வாங்கி, பாகிஸ்தானுக்கோ ஈரானுக்கோ விசா வாங்கி, அங்கே போய் ஜெர்மன் விசாவுக்கு வரிசையில் நிற்க வேண்டும்.

பெல்ஜியத்தில் இதே சிக்கல் ஒரு வழக்காக வெடித்தது. தந்தை 2022 ஆகஸ்டில் அங்கே அகதியாக ஏற்கப்பட்டவர். தாயும் இரண்டு பிள்ளைகளும் வடமேற்கு சிரியாவின் அஃப்ரினில் சிக்கியிருந்தார்கள். வழக்கறிஞர் மின்னஞ்சலில் விண்ணப்பம் அனுப்பினார். நேரில் வந்து கொடுத்தால்தான் ஏற்போம் என்றது பெல்ஜியம். நேரில் என்றால் எல்லை தாண்டி வேறொரு நாட்டில் உள்ள தூதரகத்துக்கு. அஃப்ரினிலிருந்து அந்த எல்லையைத் தாண்டத்தான் வழியில்லை. 2023 ஏப்ரல் 18 அன்று ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம், நேரில் வர முடியாதவரையும் விண்ணப்பிக்கும் கட்டத்திலேயே நேரில் வரச் சொல்வது சட்டவிரோதம் என்று தீர்த்தது. அடையாளம் சரிபார்க்கப் பிறகு ஒருமுறை அழைக்கலாம், அதற்கும் அரசு உதவ வேண்டும் என்றது.

நாம் பார்த்த வேலி

இந்த வேலியின் கம்பிகளில் சில, தமிழர்களைத் தடுக்கவே நடப்பட்டவை. 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பின் ஈழத்தமிழர்கள் லண்டனில் வந்திறங்கத் தொடங்கியதும் 1985இல் பிரிட்டன் இலங்கையர்களுக்கு விசாவைக் கட்டாயமாக்கியது. காமன்வெல்த் நாடு ஒன்றின் குடிமக்களுக்கு அது விசா விதித்தது அதுவே முதல்முறை. 1987 பிப்ரவரியில் ஹீத்ரோவில் திருப்பி அனுப்பப்படவிருந்த தமிழர்கள் ஆடையைக் களைந்து போராடிய செய்தி உலகெங்கும் போனது. அடுத்த சில மாதங்களில், விசா இல்லாதவரை ஏற்றிவரும் விமான நிறுவனத்துக்கு அபராதம் விதிக்கும் சட்டம் வந்தது. ஐரோப்பிய நிலப்பரப்பில் இன்னொரு கதை. கிழக்கு பெர்லினில் இறங்கி, நகர ரயிலில் மேற்கு பெர்லினுக்குப் போய்த் தஞ்சம் கேட்கும் வழி தமிழர்களுக்குத் திறந்திருந்தது. மேற்கு ஜெர்மனியின் நெருக்குதலில் 1985இல் கிழக்கு ஜெர்மனி அதை அடைத்தது.

அதன் விளைவு ஊரறிந்தது. நேர்வழி அடைபட, ஏஜென்சிக்காரனுக்கு நகையும் காணியும் போயின. ஆண்கள் முன்னால் போனார்கள். கேஸ் எழுதி, கார்டு கிடைத்து, ஸ்பான்சர் செய்து மனைவி பிள்ளைகளை எடுக்கும்வரை வீட்டார் வவுனியாவிலும் கொழும்பு லாட்ஜ்களிலும் சென்னை வாடகை வீடுகளிலும் கிடந்தார்கள். அகதி ஒப்பந்தத்தில் கையெழுத்திடாத இந்தியாவில் முகாமில் பதிவானவருக்குக் கனடாவிலிருந்து அழைப்பு வந்தாலும், வெளியேறும் அனுமதி இல்லாமல் விமானம் ஏற முடியாது. உள்ளே வர விசா கேட்கும் உலகத்தில் வெளியே போகவும் அனுமதி கேட்டு நின்றவர்கள் அவர்கள்.

அரசுகளின் வாதம்

மூடுகிறவர்களின் தரப்பையும் கேட்க வேண்டும். உள்ளாட்சிகளிடம் வீடு இல்லை, பள்ளியில் இடமில்லை, ஒருங்கிணைக்கும் சக்திக்கு எல்லை உண்டு, கடத்தல்காரர்களின் தொழிலை முறிக்க வேண்டும் என்கிறார் ஜெர்மன் உள்துறை அமைச்சர் அலெக்ஸாண்டர் டோப்ரிண்ட். பிரிட்டனில் அகதிக் குடும்பங்கள் வீடில்லாமல் நகராட்சிகளிடம் போய் நிற்பது உண்மையான சுமை. 2025 நவம்பரில் லண்டன் அறிவித்த புதிய திட்டம் டென்மார்க் முறையைப் பின்பற்றிப் பாதுகாப்பையே தற்காலிகமாக்குகிறது.

ஆனால் கணக்கைப் பார்க்க வேண்டும். ஜெர்மனி நிறுத்தியது மாதம் 1,000 விசா, ஆண்டுக்கு 12,000. நாட்டின் மக்கள்தொகை எட்டு கோடிக்கு மேல். பிரிட்டனில் இந்த விசாவில் வந்தவர்களில் பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். அவர்கள் அடையாளம் சரிபார்க்கப்பட்டு, விமானத்தில், எப்போது எத்தனை பேர் என்று அரசுக்கு முன்கூட்டியே தெரிந்து வருகிறவர்கள். அந்த வரிசையை மூடிவிட்டுக் கடத்தல்காரனை முறிக்கப் போகிறோம் என்பது, அவனுக்கு வாடிக்கையாளர்களைத் திருப்பிவிடும் வேலை. மனைவியும் பிள்ளையும் எங்கே என்று தெரியாதவனை ‘மொழி படி, வேலை தேடு’ என்று விரட்டுவதால் ஒருங்கிணைப்பும் நடப்பதில்லை.

செய்யக்கூடியவை எல்லாம் நீதிமன்றங்கள் ஏற்கெனவே சொன்னவைதான். வயதைத் தஞ்சம் கேட்ட நாளில் நிறுத்துவது, விண்ணப்பத்தை இணையத்தில் வாங்குவது, கிடைக்காத சான்றுக்கு மாற்றை ஏற்பது. புது ஒப்பந்தம் எதுவும் வேண்டாம். இத்தோடு முடிவு சொல்ல ஒரு கெடுவையும் சேர்த்தால் போதும். வேண்டாம் என்று நினைக்கும் அரசு வேண்டாம் என்றே சொல்லட்டும். காரணத்தை எழுத்தில் கொடுத்து, அந்தக் குடும்பத்தின் எதிரே நீதிமன்றத்தில் நின்று அதற்குப் பதில் சொல்லட்டும்.