லினக்ஸுக்குள் நுழையும் முன்

லினக்ஸ் என்று பொதுவாகச் சொல்லப்படுவது ஒரே மென்பொருள் அல்ல. செயலி, நினைவகம், வட்டு, விசைப்பலகை ஆகியவற்றை நிர்வகிக்கும் கெர்னல் அதன் அடித்தளம். ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-இல் எழுதியது இதைத்தான். லினக்ஸ் என்ற பெயரும் கண்டிப்பாகப் பார்த்தால் இதற்கு மட்டுமே உரியது. ரிச்சர்ட் ஸ்டால்மன் 1983-இல் அறிவித்த குனு திட்டத்தின் கருவிகள், திரையில் தெரியும் டெஸ்க்டாப், உலாவி, அலுவலகச் செயலிகள் எல்லாம் அதன் மேல் ஏறுபவை. இவற்றைத் தேர்ந்தெடுத்து, ஒன்றோடொன்று ஒத்துப்போகும்படி சோதித்து, நிறுவத் தக்க வடிவில் தருவதற்கு டிஸ்ட்ரோ என்று பெயர். டெபியன் (1993), உபுண்டு (2004), லினக்ஸ் மின்ட் (2006) என எல்லாமே டிஸ்ட்ரோக்கள். மூலநிரல் திறந்திருப்பதால் யாரும் எடுத்துத் தம் தேவைக்கேற்ப மாற்றலாம். நூற்றுக்கணக்கில் அவை பெருகிக் கிடப்பதற்குக் காரணம் இதுவே.

இந்தியாவில் அப்படி உருவானது பாஸ் லினக்ஸ். டெபியனை அடிப்படையாகக் கொண்டு, தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளுக்கான வசதிகளைச் சேர்த்து, மத்திய அரசு நிறுவனமான சி-டாக் 2007-இல் இதை வெளியிட்டது. தமிழ்நாட்டில் இது வீடு வீடாகப் போன வழி வேறு. 2011 செப்டம்பர் 15 அன்று திருவள்ளூர் மாவட்டத்தில் மாணவர்களுக்கான விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கியது. தமிழ்நாடு அரசு நிறுவனமான எல்காட் கொள்முதல் செய்த அந்தக் கணினிகளில் விண்டோஸும் பாஸும் அருகருகே நிறுவப்பட்டிருந்தன. கணினியோடு இரண்டு இயங்குதளங்களும் வந்தன, இரண்டாவதைச் சொல்லிக் கொடுக்க ஆள் வரவில்லை. கணினியை இயக்கியதும் எது வேண்டும் என்று கேட்கும் கறுப்புத் திரையைத் தாண்டிப் பலர் போகவே இல்லை. சர்வீஸுக்குக் கொடுத்தபோது கடையில் மொத்தமாக ஃபார்மட் செய்து விண்டோஸ் மட்டும் போட்டுத் திருப்பித் தருவது வழக்கமாயிற்று.

அந்தக் கணினிகளுக்கு இப்போது இன்னொரு வேலை வந்திருக்கிறது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்தது. விண்டோஸ் 11-க்கு டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சிப்பும் ஓரளவு புதிய செயலியும் தேவை. பத்து ஆண்டுக்கு முந்தைய கணினிகளில் பெரும்பாலும் இவை இருக்காது. லினக்ஸ் அவற்றில் ஓடும். ஆனால் எந்த டிஸ்ட்ரோவும் மாயம் செய்துவிடாது. முதல் ஆண்டுகளில் வந்த மடிக்கணினிகள் பலவற்றில் ராம் 2 ஜிபி மட்டுமே. உலாவியில் நான்கு பக்கம் திறந்தால் எந்த இயங்குதளமும் அதில் திணறும். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டின் கணினிக் கடைகளில் ராமை 4 ஜிபி ஆக்கி, சுழலும் ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு 2.5 அங்குல எஸ்.எஸ்.டி. ஒன்றைப் போட்டால் கிடைக்கும் வேகம், இயங்குதளம் மாற்றுவதால் கிடைப்பதைவிட அதிகம். இரண்டையும் சேர்த்துச் செய்வதே நல்லது.

எந்த டிஸ்ட்ரோ என்ற கேள்வியில் புதியவர்கள் வாரக்கணக்கில் மாட்டிக்கொள்கிறார்கள். அவ்வளவு யோசிக்க வேண்டியதில்லை. விண்டோஸ் பழகிய கைக்கு மின்ட் எளிது. கீழே பட்டி, இடது மூலையில் மெனு என அமைப்பு பழக்கப்பட்டதாகவே இருக்கும். பழைய கணினி என்றால் அதிலேயே எக்ஸ்.எஃப்.சி.ஈ. டெஸ்க்டாப் உள்ள பதிப்பை எடுக்கலாம். பள்ளி மாணவர் வீட்டில் இருந்தால் உபுண்டு பொருத்தம்: தமிழ்நாடு அரசின் பதினோராம் வகுப்புக் கணினி அறிவியல் பாடநூல் விண்டோஸோடு உபுண்டுவையும் விளக்குகிறது. உபுண்டுவில் எல்.டி.எஸ். என்று குறித்த பதிப்பையே எடுக்க வேண்டும். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை ஏப்ரலில் வரும் அதற்கு ஐந்து ஆண்டுகள் பாதுகாப்புப் புதுப்பிப்பு உண்டு. இடையில் வரும் மற்ற பதிப்புகளுக்கு ஒன்பது மாதம்தான். மிகப் பழைய 32-பிட் செயலி என்றால் வாய்ப்புகள் சுருங்கிவிட்டன. உபுண்டு 2017-இலேயே அதற்கான டெஸ்க்டாப் நிறுவியைக் கைவிட்டது. 2025-இல் வந்த டெபியன் 13-உம் அதே வழிக்கு வந்துவிட்டது.

நிறுவும் முன் சோதித்துப் பார்க்க முடிவது லினக்ஸின் பெரிய வசதி. டிஸ்ட்ரோவின் சொந்தத் தளத்திலிருந்து ஐ.எஸ்.ஓ. கோப்பை இறக்கி, ரூஃபஸ் போன்ற கருவியால் 8 ஜிபி பென் டிரைவில் எழுத வேண்டும். கோப்பை வெறுமனே காப்பி செய்தால் அது பூட் ஆகாது. கணினியை இயக்கும்போது எஃப்12 (ஹெச்.பி. கணினிகளில் எஃப்9) விசையை அழுத்திப் பென் டிரைவைத் தேர்ந்தால், வட்டில் எதையும் தொடாமல் லினக்ஸ் நினைவகத்திலேயே ஓடும். இதற்கு லைவ் என்று பெயர். வைஃபை கிடைக்கிறதா, ஒலி வருகிறதா, மூடித் திறந்தால் திரை விழிக்கிறதா, பிரிண்டர் அச்சிடுகிறதா என்று அங்கேயே பார்த்துவிட வேண்டும். பழைய கணினிகளில் அதிகம் தகராறு செய்வது வைஃபை சிப். அதற்கு டிரைவர் இறக்க இணையம் வேண்டும், இணையத்துக்கு வைஃபை வேண்டும் என்று வட்டமடிக்கும்போது, கைபேசியை யூ.எஸ்.பி. வயரில் இணைத்து டெதரிங் போட்டால் வேலை முடியும். பிரிண்டர்களில் ஹெச்.பி. மாடல்கள் பெரும்பாலும் மறுபேச்சின்றி இயங்கும். ஜெராக்ஸ் கடைகளிலும் சிறு அலுவலகங்களிலும் பரவலாக உள்ள கேனான் எல்.பி.பி. 2900-ஐ லினக்ஸில் ஓட வைப்பது பொறுமையைச் சோதிக்கும்.

நிறுவும்போது வரும் ஒரு கேள்வியில் மட்டும் நிதானம் தேவை. விண்டோஸுக்குப் பக்கத்தில் நிறுவவா, வட்டை முழுதாக அழித்து நிறுவவா என்று அது கேட்கும். இரண்டாவதைத் தேர்ந்தால் படம், ஆவணம் எதுவும் மிஞ்சாது. பக்கத்தில் நிறுவுவதானாலும் வெளி வட்டில் ஒரு நகல் எடுத்துவைக்காமல் தொடங்கக் கூடாது. விண்டோஸில் ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்’ அமைப்பையும் அணைத்துவிட வேண்டும். அது இருந்தால் விண்டோஸ் முழுதாக மூடாமல் பாதித் தூக்கத்தில் நிற்கும். அந்தப் பகுதியில் உள்ள கோப்புகளை லினக்ஸ் படிக்க மட்டுமே விடும், எழுத விடாது.

உள்ளே போனதும் முதலில் குழப்புவது சி டிரைவ், டி டிரைவ் இல்லாததுதான். லினக்ஸில் எல்லாம் ஒரே மரம். வேர் ஒரு சாய்கோடு. பென் டிரைவ் செருகினாலும் அது அந்த மரத்தின் ஒரு கிளையாகவே தோன்றும். பயனர் தம் கோப்புகளை ‘ஹோம்’ என்ற கிளைக்குள் தம் பெயரிலுள்ள அடைவில் வைப்பார். அதற்கு வெளியே உள்ளவை கணினியின் சொத்து, கடவுச்சொல் இல்லாமல் மாற்ற முடியாது. அப்படி மாற்ற வேண்டியிருக்கும்போது, கட்டளைகளை எழுதும் டெர்மினல் சாளரத்தில் பயன்படுவது ‘சூடோ’ கட்டளை. அது கடவுச்சொல் கேட்கும்போது, சில டிஸ்ட்ரோக்களில் விசைகளை அழுத்தினாலும் திரையில் புள்ளிகூட விழாது. விசைப்பலகை கெட்டுவிட்டது என்று நினைக்கத் தேவையில்லை, முழுதாக அடித்து என்டர் தட்டினால் போதும். சூடோவுக்குப் பின் எழுதப்படுவதைக் கணினி பெரும்பாலும் மறுகேள்வி கேட்காமல் நிறைவேற்றும். அர்த்தம் தெரியாத கட்டளையை எங்கிருந்தோ காப்பி செய்து அங்கே ஒட்டுவதுதான் புதியவர்கள் செய்யும் ஆபத்தான காரியம்.

மென்பொருளுக்காக இணையத்தில் அலைந்து செட்அப் கோப்பு இறக்கும் பழக்கத்தையும் விட வேண்டும். டிஸ்ட்ரோ தானே சோதித்துக் கையொப்பமிட்ட மென்பொருள் களஞ்சியம் ஒன்றை வைத்திருக்கும். கைபேசியில் பிளே ஸ்டோர் பயன்படுத்தியவருக்கு இது புதிதல்ல. உபுண்டு, மின்ட், பாஸ் மூன்றும் டெபியன் வழி வந்தவை, ஆகவே மூன்றிலும் ‘ஆப்ட்’ என்ற ஒரே கருவி உண்டு. கட்டளை எழுதப் பிடிக்காதவர் மென்பொருள் மேலாளரில் சொடுக்கலாம். இயங்குதளம், உலாவி, லிப்ரெஆபிஸ் அனைத்துக்கும் புதுப்பிப்பு ஒரே இடத்திலிருந்து வரும்.

தமிழுக்கு எதுவும் வாங்க வேண்டியதில்லை. யுனிகோடு தமிழைக் காட்ட லோகித், நோட்டோ எழுத்துருக்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. விசைப்பலகை அமைப்பில் தமிழ்99-ஐ நேரடியாகச் சேர்க்கலாம். ஆங்கில ஒலிப்பில் அடிப்பவரும் தட்டச்சு முறை பழகியவரும் ஐபஸ் கருவியோடு எம்17என் தொகுப்பை நிறுவிக்கொண்டால் தங்கள் முறையிலேயே எழுதலாம். சிக்கல் பழைய கோப்புகளில்தான். வானவில், பாமினி போன்ற எழுத்துருக்களில் அடித்தவை யுனிகோடு அல்ல. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் வெறும் ஆங்கிலக் குப்பையாகத் தெரியும். தமிழ்நாடு அரசு 2010-இல் யுனிகோடையும் டேஸ்16 என்ற குறியாக்கத்தையும் தரமாக அறிவித்த பிறகும் டி.டி.பி. கடைகளில் அந்தப் பழக்கம் நீடித்தது. மாற்றிக் கருவிகள் இருக்கின்றன. மாற்றியதை ஒருமுறை மெய்ப்புப் பார்ப்பது நல்லது.

எதை விட்டுக்கொடுக்க நேரும் என்பதையும் முன்பே கணக்கிட வேண்டும். சென்னையின் வட விளிம்பில் உள்ள புழல், மாதவரம் கிடங்குகளிலும் செங்குன்றம் அரிசி ஆலைகளிலும் கணக்கு பெரும்பாலும் டேலியில்தான். டேலிபிரைம் விண்டோஸுக்கு மட்டுமே எழுதப்பட்டது. லினக்ஸில் அதை எப்படியாவது ஓட்டிவிடலாம் என்று யாராவது சொன்னால் ஜி.எஸ்.டி. கெடு நாளை நினைத்துக்கொள்வது நல்லது; கணக்குக் கணினியை விண்டோஸிலேயே விட்டுவிடலாம். இ-வே பில் எடுப்பது, மின்னஞ்சல், விலைப்பட்டியல், கடிதம் என உலாவியிலும் லிப்ரெஆபிஸிலும் முடிகிற வேலைகளுக்கு லினக்ஸ் கணினி தாராளமாகப் போதும். டிஜிட்டல் கையொப்ப டோக்கன் வைத்திருப்பவர் அதன் லினக்ஸ் டிரைவரை முதலில் சோதித்த பிறகே மாற வேண்டும். ஃபோட்டோஷாப், பேஜ்மேக்கர் நேரடியாக ஓடா. கிம்ப், ஸ்க்ரைபஸ் பழகலாம், ஆனால் பழக மாதங்கள் ஆகும்.

தடுமாறும்போது கேட்கத் தமிழிலேயே இடம் இருக்கிறது. கட்டற்ற மென்பொருளுக்கென்றே 2012-இல் தொடங்கிய கணியம் மின்னிதழில் கட்டுரைகளும் இலவச மின்னூல்களும் உண்டு. சென்னை லினக்ஸ் பயனர் குழுவில் பல ஆண்டு அனுபவசாலிகள் இருக்கிறார்கள். உதவி கேட்கும்போது “வைஃபை வரல” என்று மட்டும் எழுதினால் பதில் வராது. எந்த டிஸ்ட்ரோ, எந்தப் பதிப்பு, எந்த மாடல் கணினி, திரையில் வந்த பிழைச் செய்தி எழுத்துக்கு எழுத்து என்ன, அதற்குச் சற்று முன் என்ன செய்தது என்று ஐந்தையும் எழுதினால் பெரும்பாலும் அன்றைக்கே விடை கிடைக்கும்.